விமலேஸ்வரி திருப்பிக் கொடுத்த காசு

விமலேஸ்வரி அம்மாவைப் பற்றி எழுதத் தகுதியில்லாத ஆள் ஒருவன் உண்டென்றால் அது நான்தான். ஆனால் என்னை விட்டால் அந்தக் கதையை முழுதாகத் தெரிந்தவர் வேறு யாரும் இல்லை. கிளிநொச்சியில் ஒரு வங்கியில் வைப்புப் பகுதி அலுவலராக இருந்து போன வருடம் ஓய்வு பெற்றேன். என் பெயர் நடராசா. வங்கியின் பெயர் வேண்டாம். செய்தது வங்கி இல்லை, நான்.

அம்மா வட்டக்கச்சிக்காரி. இரண்டரை ஏக்கர் வயல். புருஷன் சண்டை முடிந்து தடுப்பு முகாமில் இரண்டு வருடம் இருந்துவிட்டு, சிறுநீரகம் பழுதாகித் திரும்பி வந்தவர். மகள் பிரியந்தினி. மகன் நிஷாந்தன் லண்டனில் பதிவில்லாமல் இருந்தான். விசா வழக்கு இழுபட்டுக்கொண்டிருந்தது. கடைகளில் கைக்காசுக்கு வேலை செய்தான். அங்கே அவன் பெயரில் ஒரு வங்கிக் கணக்குத் திறக்க வழியில்லை. பிடித்துத் திருப்பி அனுப்பினாலும் உழைத்தது மிஞ்சட்டும் என்று, கூட்டாளி ஒருவனின் பெயரில் மாதம் இருநூறு பவுண்ஸ் தாய்க்கு அனுப்பினான். செலவுக்கு இல்லை, சேர்த்து வைக்க.

2013இல் அம்மா முதல்தடவை என் மேசைக்கு வந்தபோது கையில் ஒரு காகிதத் துண்டு வைத்திருந்தார். ஊருக்கு வந்த யாரோ ஒருவரிடம் நிஷாந்தன் எழுதிக் கொடுத்து அனுப்பியது. "காசைப் பவுண்ஸாகவே கணக்கில் போடுங்கோ. வட்டியை அப்பாவின் மருந்துக்கு எடுங்கோ. முதலைத் தொட வேண்டாம்." கெட்டிக்காரப் பிள்ளை. அப்படி வெளிநாட்டு நாணயக் கணக்கில் போட்டிருந்தால், கேட்ட நேரம் அந்தப் பவுண்ஸ் பவுண்ஸாகவே திரும்பிப் போயிருக்கும். இரண்டு படிவம், கால் மணி நேர வேலை.

ஆனால் அந்த மாதம் எங்கள் கிளைக்கு ரூபாய் வைப்பில் ஓர் இலக்கு வைத்திருந்தார்கள். வெளிநாட்டு நாணயம் அந்தக் கணக்கில் சேராது. எனக்கு இன்னும் பதினெட்டு வைப்புகள் குறைந்தன. நான் தேத்தண்ணீரைக் குடித்துக்கொண்டே சொன்னேன்.

"அம்மா, வெளிநாட்டுக் கணக்கெண்டா பேர் மேலிடத்துக்குப் போகும். ஆர் அனுப்பினது, ஏன் அனுப்பினது எண்டு விசாரிச்சுக்கொண்டு வீட்டுக்கு வருவினம். ரூபாயிலை போட்டா ஒரு கரைச்சலும் இல்லை."

பச்சைப் பொய். ஆனால் அந்த வருடத்தில் வன்னியில் அதைவிட நம்பக்கூடிய பொய் வேறு கிடையாது. மோட்டார் சைக்கிள் சத்தம் வாசலில் நின்றாலே அவருடைய புருஷன் கிணற்றடிக்குப் போய் நின்றுகொள்வாராம். அம்மாவின் முகம் வெளிறிப் போனது.

"வேண்டாம் சேர், வேண்டாம். அந்த மனுசனை இனியொருக்கா விசாரிச்சா செத்துப்போகும். நீங்கள் சொல்லுற மாதிரியே போடுங்கோ."

போட்டேன். வேலியே பயிரை மேய்ந்தது என்பார்களே, அந்த வேலி நான். அந்த வருடம் எங்கள் கிளை முதலாவதாக வந்தது. நுவரெலியாவில் இரண்டு நாள் தங்க வைத்தார்கள். நல்ல குளிர்.

மகனுக்கு அம்மா இதைச் சொல்லவில்லை. போனில் காசுக் கதை கதைப்பதில்லை என்பது அப்போது எங்கள் பக்கத்தில் எழுதாத சட்டம். யார் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று யாருக்குத் தெரியும்? "போட்டாச்சோ?" என்று அவன் கேட்பான். "போட்டாச்சு" என்பார். எட்டு வருடம் அந்தக் கதை அந்த இரண்டு சொல்லோடுதான் நடந்தது. வட்டியை எடுத்து மருந்து வாங்கினார். முதலை ஒரு சதம்கூடத் தொடவில்லை. பிரியந்தினியை நெடுங்கேணியில் கட்டிக் கொடுத்தபோதுகூடத் தன் காப்பைத்தான் விற்றார். அடுத்த வருடம் புருஷன் செத்தார். அந்தச் செலவுக்கும் நெல்லைத்தான் விற்றார். அதன் பிறகு வட்டி அவருடைய சாப்பாட்டுக்கும் வயல் செலவுக்கும் போனது.

2022இல் ரூபாய் விழுந்தது. இரண்டு மாதத்தில் பாதியானது. அம்மாவுக்கு அது விளங்கவில்லை. "புத்தகத்திலை நாப்பத்திரண்டு இலட்சம் அப்பிடியே இருக்குது சேர்" என்று காட்டிச் சிரித்தார். இருந்தது உண்மைதான். நானும் சிரித்தேன்.

2024 ஆவணியில் நிஷாந்தனின் அழைப்பு வந்தது. அவனுக்கு விசா கிடைத்து, சொந்தப் பெயரில் கணக்கும் இருந்தது. வீடு வாங்க முற்பணம் கட்ட வேண்டும். அனுப்பிய பத்தொன்பதாயிரத்து இருநூறு பவுண்ஸையும் திருப்பி அனுப்பச் சொன்னான். அம்மா புத்தகத்தை எடுத்துக்கொண்டு அடுத்த பஸ்ஸில் வந்தார்.

ரூபாயாக மாறிய காசை வெளியே அனுப்புவதற்குப் படிப்பு, வைத்தியம் என்று காரணம் காட்ட வேண்டும். மகன் லண்டனில் வீடு வாங்குகிறான் என்பது அந்தப் பட்டியலில் இல்லை. தலைமை அலுவலகத்துக்கு எழுதிப் பார்த்தேன். மூன்று வரியில் மறுத்துவிட்டார்கள். அனுப்ப முடிந்திருந்தாலும் அன்றைய விலைக்கு அந்த நாற்பத்திரண்டு இலட்சம் பத்தாயிரத்து எழுநூறு பவுண்ஸ்தான். எட்டாயிரத்து ஐந்நூறு எங்கே என்று அவன் கேட்பான். கேட்டான்.

அம்மா என் மேசைக்கு முன்னாலேயே போனை எடுத்து நீட்டினார்.

"சேர், நீங்கள் ஒருக்காக் கதையுங்கோ. நான் களவெடுத்தனான் எண்டு நினைக்கிறான். நீங்கள் சொன்னா நம்புவான்."

போன் ஸ்பீக்கரில்தான் இருந்தது. கண்ணாடி அறைக்குள் முகாமையாளர் இருந்தார். எனக்கு ஓய்வுக்கு ஐந்து மாதம் இருந்தது.

"அண்ணை, நான் ஒண்டுதான் கேக்கிறன்" என்றான் நிஷாந்தன். "பவுண்ஸிலை போடச் சொல்லி எழுதி அனுப்பினனான். ரூபாயாக்கினது ஆற்றை வேலை? பாங்கின்ரையோ, அம்மாவின்ரையோ?"

அம்மா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வாடிக்கையாளர் கையெழுத்து வைச்சாத்தான் நாங்கள் மாத்துவம் தம்பி" என்றேன். "அம்மாதான் கையெழுத்து வைச்சிருக்கிறா."

அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. முப்பத்தொரு வருட உத்தியோகத்தில் படித்த வித்தை அது.

"காணும் அண்ணை, விளங்கிட்டுது. அம்மா, கேக்குதோ? அக்கான்ரை கலியாணத்துக்குத்தானே எடுத்தனீங்கள்? கேட்டிருந்தா நானே தந்திருப்பன். குளிருக்கை நிண்டு உழைச்ச காசம்மா. களவெடுத்துப்போட்டியள்."

"இல்லையப்பன், அந்தக் காசு..."

அவன் வைத்துவிட்டான். நான் படிவங்களை அடுக்கினேன். அம்மா திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் எனக்கும் ஆறுதலாக இருந்திருக்கும். அவர் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துவிட்டு, "நீங்கள் சொன்னதிலை பிழையில்லை சேர். கையெழுத்து நான்தானே வைச்சனான்" என்றார்.

அதற்குப் பிறகு நிஷாந்தன் அவருடைய அழைப்பை எடுக்கவில்லை. தினமும் அழைத்துப் பார்ப்பாராம். மணி அடித்து ஓயுமாம். ஐப்பசியில் இரண்டரை ஏக்கர் வயலையும் முப்பத்து மூன்று இலட்சத்துக்கு விற்றார். அவசரத்துக்கு விற்றால் அந்த விலைதான். வவுனியாவில் வீடு கட்டும் லண்டன்காரர் ஒருவரைப் பிரியந்தினியின் புருஷன் கண்டுபிடித்தான். இங்கே அவருடைய வீட்டு வேலைக்கு ரூபாயைக் கொடுத்தால், அங்கே அவர் நிஷாந்தனுக்குப் பவுண்ஸ் கொடுப்பார். சட்டத்தில் இல்லாத வழி, எல்லாருக்கும் தெரிந்த வழி. வைப்பிலிருந்த நாற்பத்திரண்டு இலட்சத்தை நான்தான் எண்ணிக் கட்டிக் கொடுத்தேன். எதற்கு எடுக்கிறீர்கள் என்று கேட்க வேண்டிய நான் கேட்கவில்லை. என் நல்ல மனம் அவ்வளவுதான்.

மார்கழியில் கணக்கை மூட வந்தார். கறுத்து மெலிந்திருந்தார். ஆனால் முகம் மட்டும் கோயிலுக்குப் போய்வந்த மாதிரி இருந்தது.

"மகன் போன் எடுத்தவன் சேர். முழுக் காசும் கிடைச்சிட்டுதாம். அம்மா எண்டு கூப்பிட்டவன்."

"வயலை வித்தது தெரியுமோ?"

"தெரியாது. சொன்னா வேண்டாமெண்டு காசைத் திருப்பி அனுப்பிப்போடுவான், வீடும் போயிடும். நான் இப்ப அந்த வயலுக்கைதான் களை பிடுங்கப் போறன். நாளுக்கு ஆயிரத்து ஐந்நூறு குடுக்கினம்."

"அப்ப குறைஞ்ச காசு எங்காலை வந்ததெண்டு என்ன சொன்னனீங்கள்?"

அம்மா கொஞ்சம் வெட்கப்பட்டவர் போலக் குரலைத் தாழ்த்தினார்.

"ஓம் அப்பன், நான்தான் எடுத்தனான், அக்காவுக்குக் குடுத்ததைத் திருப்பி வாங்கி அனுப்பியிருக்கிறன் எண்டு சொல்லிப்போட்டன். எடுக்கேல்லை எண்டு எத்தினை தரம் சொல்லியும் அவன் கதைக்கேல்லையே. எடுத்தனான் எண்டாத்தானே சேர் அவன் என்னை மன்னிக்கலாம்? உடனை மன்னிச்சிட்டான். 'இனி இப்பிடிச் செய்யாதேங்கோ அம்மா' எண்டு மட்டும் சொன்னவன்."

சொல்லிவிட்டுச் சிரித்தார். ரூபாயாக மாற்றச் சொன்னவன் நான் என்று அவருக்கு நினைவில்லாமல் இருந்திருக்காது. அதை ஒருநாளும் என் முகத்துக்கு நேரே சொன்னதில்லை. அன்றும் சொல்லவில்லை. போன் அவர் மடியில்தான் கிடந்தது. வாங்கி நிஷாந்தனோடு ஒரு நிமிடம் கதைத்திருந்தால் போதும்.

"சந்தோசம் அம்மா" என்றேன்.