திராட்சைக் கொடிக்கு முருங்கை வெட்டு

எங்கள் பக்கத்தில் மனைவி முழுகாமல் இருந்தால் புருசன் முகம் வழித்துக்கொள்ளக் கூடாது, மரம் வெட்டக் கூடாது. மீறினால் வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாது என்பார்கள். தாடி வளர்ப்பதில் யாருக்கும் நட்டமில்லை. சோளமும் கடலையும் போடுகிறவனுக்கு மரம் வெட்டாமல் இருப்பதும் பெரிய காரியமில்லை. ஆனால் வெட்டினால்தான் காய்க்கும் என்று ஒரு பயிரைக் கொண்டுவந்து வைத்துக்கொண்டு, வெட்டவும் கூடாது என்றால் என்ன செய்வது? சுற்று வட்டாரத்தில் அந்தச் சிக்கலில் மாட்டிய குடும்பம் எங்களுடையது ஒன்றுதான்.

அறுபதுகளின் தொடக்கம் அது. நான் கல்யாணமாகி வந்த ஊர் கொல்லிமலை அடிவாரத்தில், காரவள்ளிக்குப் பக்கத்தில் இருந்தது. என் மாமனார் நான் வருவதற்குப் பல வருடம் முன்பு தெற்குச் சீமைக்குப் போனவர், திரும்பும்போது பன்னீர்த் திராட்சைக் குச்சிகளை ஈரத்துணியில் சுற்றிக்கொண்டு வந்து கிணற்றுக்குப் பக்கத்தில் நட்டார். கல்லுக்கால் நிறுத்திக் கம்பி இழுத்துப் பந்தல் போட்டார். கொடி பந்தலை நிறைத்ததும் சில வருடம் பழம் தின்றுவிட்டுப் போய்ச் சேர்ந்தார். ஊரெல்லாம் குனிந்து விவசாயம் செய்தபோது நாங்கள் மட்டும் அண்ணாந்து பார்த்துச் செய்தோம். கழுத்து வலிக்காத நாள் கிடையாது.

அவருக்குப் பிறகு கொடியைக் கவனித்தது என் வீட்டுக்காரர். தை மாதம் பொங்கல் முடிந்ததும் தண்ணீரை நிறுத்தி, இலைகளை உருவி, கவாத்துக் கத்திரியோடு ஏணியில் ஏறுவார். முற்றிய குச்சி ஒவ்வொன்றிலும் சில கணுக்களை மட்டும் விட்டு மிச்சத்தை நறுக்குவார். அந்தக் கணுக்களில் வரும் துளிரில்தான் பூ பிடிக்கும். கணுவைக் கூடுதலாக விட்டால் கொத்து சிறுத்துப் போகும். அடியோடு வெட்டினால் கொத்தே வராது, இலைதான் வரும். தையில் வெட்டினால் வைகாசியில் பழம், ஆனியில் மறுபடி வெட்டினால் ஐப்பசியில் பழம். அந்தக் கத்திரியை வேறு யாரையும் அவர் தொட விட்டதில்லை. பொண்டாட்டியைக்கூட இப்படிப் பொத்திப் பொத்தி வைத்துக்கொள்ளவில்லை என்று நான் குத்திக்காட்டுவேன். எனக்கு எப்போதும் வாய் நீளம்.

நான் முதல் தடவை முழுகாமல் இருந்தபோது தை வந்தது. அத்தை, அதாவது என் மாமியார், மகனிடம் வந்து நின்றார்.

"மாசமா இருக்கற புள்ளைய ஊட்ல வெச்சுக்கிட்டுக் கத்தி எடுக்க வேண்டாஞ் சாமி."

"மரத்தைத்தானம்மா வெட்டக் கூடாது? இது கொடி," என்றார் அவர்.

நானும் சேர்ந்து சிரித்தேன். அத்தை மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார், மகன் ஏணியில் ஏறினார். மாசியில், எனக்கு ஏழு மாதமாக இருந்தபோது, வலி வந்தது. ஆண் பிள்ளை. பிறக்கும்போதே உயிர் இல்லை. அதைப் பற்றி இதற்குமேல் எழுத இன்றைக்கும் எனக்குக் கை வரவில்லை.

பார்க்க வந்தவர்கள் விதி என்றார்கள். அத்தை எனக்குப் பத்தியச் சோறு ஆக்கிப் போட்டார், வெந்நீர் வைத்து ஊற்றினார். ஆனால் 'அப்பவே சொன்னேனே' என்று ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து வரவில்லை. என்னிடமும் சொல்லவில்லை, மகனிடமும் சொல்லவில்லை.

அந்த ஆனி மாதக் கவாத்தை என் வீட்டுக்காரர் வழக்கம்போலத்தான் செய்தார். ஆவணியில் எனக்கு மறுபடி நாள் தள்ளிப் போனது. அவர் தாடி வளர்க்க ஆரம்பித்தார். நான் பண்டாரம் என்று கேலி செய்தேன். அவர் சிரிக்கவில்லை. தை பிறந்தது, பொங்கல் போனது. கத்திரி கூரை எரவாணத்தில் செருகியபடியே இருந்தது.

தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்பார்கள். அந்த வருடப் பனி இரண்டையும் துளைத்தது. காலையில் மலை இருக்கும் இடமே தெரியாது. வெட்டாத பந்தலில் இலைமேல் இலை அடைந்து, பனிநீர் இறங்க வழியில்லாமல், இலையெல்லாம் சாம்பல் பூத்துக் கிடந்தது. அதற்குள் நுழைந்தால் பூஞ்சை வாடை அடித்தது. பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒருநாள் கிணற்று மேட்டில் அவரைப் பிடித்துக்கொண்டேன்.

"ஏனுங்க, மாசி பொறந்து போச்சு. பந்தல் காடாட்டம் கெடக்குது. எப்பத்தான் வெட்டறதா இருக்கறீங்க?"

அவர் குனிந்து கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

"கொடி மரமில்லைன்னு நீங்கதானுங்க சொன்னீங்க."

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"சொன்னேன். சொல்லிப்போட்டு ஏணியில ஏறி வெட்டுனேன். என்ற புள்ளைய நானே வெட்டிப்போட்டேன் அம்மிணி."

ஒரு வருடமாக ஒரே பாயில் படுத்தவர். கூட உட்கார்ந்து சாப்பிட்டவர். இப்படி ஒன்றை நெஞ்சுக்குள் வைத்துக்கொண்டா நடமாடினார்? நான் என்னமோ பிள்ளையைப் பறிகொடுத்தது நான் ஒருத்திதான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் கொலைகாரன்போலத் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டிய இடம். எனக்கு வந்தது கோபம்.

"அப்படின்னா கத்திரிய எங்கிட்டக் குடுங்க. நான் ஏறி வெட்டறேன். பொம்பளை வெட்டக் கூடாதுன்னு ஒருத்தரும் சொல்லலீங்களே!"

கட்டுத்தறியில் சாணி அள்ளிக்கொண்டிருந்த அத்தை நிமிர்ந்து எங்கள் இரண்டு பேரையும் பார்த்தார். மறுபடி குனிந்துகொண்டார்.

அதற்கு அடுத்த வாரம் என்னை டவுன் ஆஸ்பத்திரிக்கு என் வீட்டுக்காரர் கூட்டிப்போனார். டாக்டரம்மா வயிற்றில் குழல் வைத்துப் பார்த்து, எல்லாம் சரியாக இருக்கிறது என்றார். திரும்பும்போது வெயில் தாழ்ந்திருந்தது. பஸ்ஸை விட்டு இறங்கி, இரண்டு பக்கமும் வேலி அடைத்த இட்டேரியில் நடந்தோம். இட்டேரி திரும்பும் இடத்தில் எங்கள் பந்தல் எப்போதும் பச்சையாகத் தெரியும். அன்றைக்கு அந்த இடத்தில் வானம் தெரிந்தது.

கல்லுக்கால்களும் கம்பியும்தான் நின்றன. கொடிகள் அத்தனையும் கட்டையோடு கட்டையாக வெட்டப்பட்டிருந்தன. வெட்டிய குச்சியும் இலையும் முழங்கால் உயரத்துக்குக் கீழே கிடந்தன. அதன் நடுவில் சேலையை வரிந்து கட்டிக்கொண்டு, கையில் கொடுவாளோடு அத்தை நின்றுகொண்டிருந்தார்.

"ரெண்டு பேரும் கத்திக்கு அடிச்சுக்க வேண்டாம். நானே முடிச்சுப்போட்டேன்," என்றார்.

என் வீட்டுக்காரர் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார். நான் வாயைத் திறந்தேன், நிற்கவில்லை.

"என்ன காரியம் பண்ணிப்போட்டீங்க அத்தை? கணு ஒன்னாச்சும் உட்டீங்களா? இப்படி மொட்டையடிச்சா எங்கிருந்துங்க காய்க்கும்?"

"முருங்கைய ஒடிச்சு வளக்கோணும், புள்ளைய அடிச்சு வளக்கோணும்னு சொல்லுவாங்கல்ல கண்ணு. இதும் அப்படித்தேன் தழையும்."

முருங்கை! மாமனார் உயிரை விட்டு வளர்த்த கொடியை இந்த மனுசி முருங்கை என்று நினைத்து வெட்டியிருக்கிறார். முருங்கையை இடுப்பளவுக்கு வெட்டினால் அடுத்த வருடம் காய்த்துத் தள்ளும். எங்கள் காட்டுக்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்த கவாத்து அது ஒன்றுதான். தலையில் அடித்துக்கொள்வதா, அழுவதா என்று எனக்குத் தெரியவில்லை.

மறுநாள் காலையில் அதைவிடப் பெரிய பயம் பிடித்தது. வெட்டிய கட்டை ஒவ்வொன்றின் நுனியிலிருந்தும் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. கவாத்து முடிந்தால் வெட்டுவாயில் நீர் கசியும் என்பது எனக்குத் தெரியும். ஆனால் இப்படிப் பந்தல் முழுக்கச் சொட்டி, மண் நனைந்து நான் பார்த்ததில்லை. வயிற்றைக் கையால் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள் ஓடிவந்துவிட்டேன். கொடி செத்தால் சாகட்டும், இதற்கு ஒன்றும் ஆகக் கூடாது என்று முனியப்பனை வேண்டினேன்.

கொடி சாகவில்லை. பங்குனி வெயில் ஏறியதும் கட்டைகளில் துளிர் முட்டிக்கொண்டு வந்தது. மலைமேல் சருகுக்குத் தீப்பிடித்துக் கரிந்த சாம்பல் எங்கள் வாசல் வரைக்கும் வந்து விழுந்த நாட்களில், எங்கள் பந்தலில் மட்டும் பச்சை பிடித்தது. என் வீட்டுக்காரர் தினமும் ஏணியில் ஏறித் துளிரை விலக்கி விலக்கிப் பார்த்தார். ஒரு பூங்கொத்து இல்லை. வெறும் இலை. பக்கத்துத் தோட்டத்துக்காரர், "கீரைன்னு சொல்லிச் சந்தைக்குக் கொண்டுபோங்க மாப்ள," என்று சிரித்துவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் திட்டுதான். ஒரு வருடமாகத் தரையைப் பார்த்தே நடந்த மனுசன் நிமிர்ந்து நின்று அம்மாவைத் திட்டினார். குழம்பில் உப்பில்லை என்றால்கூட அது கொடியில் போய் முடியும். "அறிவு கெட்ட பொம்பளை" என்பார். நானும் என் பங்குக்கு இடித்துக்காட்டுவேன். அத்தை காதில் வாங்கியதாகவே தெரியாது. திட்டிவிட்டு என் வீட்டுக்காரர் நன்றாகச் சாப்பிட்டார், நன்றாகத் தூங்கினார். எனக்கு அது ஆச்சரியமாக இருந்ததே தவிர, ஏன் என்று யோசிக்கவில்லை.

சித்திரையில் ஒரு மத்தியானம். திண்ணனூர் நாட்டுப் பக்கம் மலை உச்சி கருத்து, கண் மூடித் திறப்பதற்குள் காற்றும் மழையும் இறங்கியது. இடி வீட்டில் இறங்காமலிருக்க அத்தை கடப்பாரையைத் தூக்கி வாசலில் வீசிவிட்டு, "அர்ச்சுனா, அர்ச்சுனா" என்றார். அவர் சொல்லி வாய் மூடவில்லை, கிணற்றுக்கு அந்தப் பக்கம் நின்ற பனைமரத்தில் இடி விழுந்தது. கண் இருண்டது. காது அடைத்தது. பார்த்தால் பனை தலையில் நெருப்போடு மழைக்குள் எரிந்துகொண்டிருந்தது.

அந்தச் சத்தத்துக்குப் பிறகு என் வயிற்றில் அசைவு இல்லை.

முதலில் நம்பவில்லை. இடப்பக்கம் ஒருக்களித்துப் படுத்தேன், எழுந்து நடந்தேன், வயிற்றைத் தட்டினேன். ஒன்றும் இல்லை. போன தடவையும் இப்படித்தான் அடங்கியது. பள்ளத்தில் வெள்ளம் ஓடியதால் பஸ் வராது, வண்டியும் போகாது. என் வீட்டுக்காரர் என் முகத்தைப் பார்த்ததும் புரிந்துகொண்டார். அப்படியே அம்மாவின் பக்கம் திரும்பினார்.

"இந்தப் புள்ளைக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா உன்னாலதான்! நீ கத்தி எடுத்ததுனாலதான்!"

அத்தை அவரை நேராகப் பார்த்தார்.

"ஆமாஞ் சாமி. என்னாலதான்," என்றார்.

குரலில் கோபமில்லை, அழுகையும் இல்லை. விளக்கைப் பொருத்து என்றால் சரி என்பதுபோலச் சொன்னார். அந்த நிலைமையிலும் எனக்கு அது திடுக்கென்றது. பிறகு பழைய சோற்றுத் தண்ணீரில் மோரும் உப்பும் கலந்து கொண்டுவந்து என் வாயில் வைத்தார். குளிர்ந்த தண்ணீர் உள்ளே இறங்கிக் கொஞ்ச நேரத்தில் விலாவில் ஓர் உதை விழுந்தது. நான் கத்திய கத்தலில் மாடு மிரண்டு கயிற்றை இழுத்தது.

வைகாசியில் பெண் பிறந்தாள். பிறந்ததும் அழுதாள். அதைக் கேட்டு வாசலில் இருந்த என் வீட்டுக்காரர் அழுதார். அடுத்த நாள் தாடியை வழித்துக்கொண்டு வந்து நின்றபோது யாரோ என்று பார்த்தேன்.

ஆனியில் கவாத்து வந்தது. அந்த வருடம் பழுக்காத கொடியில் குச்சிகள் நன்றாக முற்றியிருந்தன. ஒரு காலையில் அவர் உரம் வாங்கச் சந்தைக்குப் போயிருந்தார். நான் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு பந்தல் பக்கம் போனேன். ஏணிமேல் அத்தை இருந்தார். கையில் என் வீட்டுக்காரரின் கத்திரி. போச்சு, இந்த வருடமும் போச்சு என்று கத்த வாயெடுத்தேன்.

அதற்குள் அத்தை குச்சியைக் கையில் பிடித்தார். கணுவைக் கட்டைவிரலால் தடவி நகர்ந்து, நிறுத்தி, மொட்டுக்கு மேலே சாய்வாக நறுக்கினார். அடுத்த குச்சி. அதையும் அப்படியே. நின்று யோசிக்கவே இல்லை. என் வீட்டுக்காரர்கூட இவ்வளவு வேகமாக வெட்டிப் பார்த்ததில்லை.

"அத்தை! உங்களுக்கு இது தெரியுமுங்களா?"

என்னைப் பார்த்ததும் திருடி அகப்பட்டவர்போல அவர் கை நின்றது.

"உன்ற மாமனாரு இதை நட்டப்ப ஏணியப் புடிச்சுக்கிட்டு நின்னது ஆரு? அவரு காச்சல்ல கெடந்த வருசம் வெட்டுனது ஆரு? அவனுக்கு அதெல்லாம் தெரியாது, அப்பச் சின்னப் பையன்."

"பொறகு ஏனுங்க அப்படி மொட்டையடிச்சீங்க?"

அத்தை இறங்கி வந்தார். குழந்தையின் காலைப் பிடித்துப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"வெட்டுனதுல அந்தப் புள்ள போச்சோ, விதியில போச்சோ, எனக்கென்ன கண்ணு தெரியும்? ஆனா நீ கத்தி எடுக்கறேன்னு நின்னே. கொத்துக் கொத்தாப் புடிச்சிருந்தா அதைக் கழிக்க அவனும் கத்தி எடுக்காம இருப்பானா? அதுதான் ஒன்னுமில்லாம வழிச்சுப்போட்டேன். இன்னொருக்கா அப்படி ஒன்னு ஆயிருந்தா அவன் தன்னைத்தானே திட்டிக்கிட்டுச் செத்திருப்பான். திட்டறதுக்கு ஒரு ஆளு வேணுமல்ல? நல்லா வெட்டியிருந்தா என்னை எப்படித் திட்டுவான்?"

குழந்தையை நழுவ விட்டுவிடுவேனோ என்று பயந்து கல்லுக்காலில் சாய்ந்துகொண்டேன். அத்தனை மாதம் நாங்கள் இரண்டு பேரும் திட்டிய திட்டு ஒவ்வொன்றும் காதில் விழுந்தது. அத்தை அதையெல்லாம் கேட்டு வாங்கியிருக்கிறார்.

"அவன்கிட்டச் சொல்லிப்போடாதே," என்று கத்திரியை என் கையில் கொடுத்துவிட்டு அத்தை மாட்டை அவிழ்க்கப் போனார்.

பொழுதோடு என் வீட்டுக்காரர் சந்தையிலிருந்து வந்தார். வெட்டியிருந்த கொடியைப் பார்த்துவிட்டு நானா வெட்டினேன் என்று கேட்டார். எனக்குத் தலையாட்டத்தான் முடிந்தது. அவருக்கு ஒரே சந்தோசம். "பாரு, இவ எப்படி வெட்டியிருக்கறா. நீயுந்தான் வெட்டுனியே, முருங்கைய வெட்டற மாதிரி," என்று அம்மாவைத் திட்டிக்கொண்டே சோற்றைப் பிசைந்தார். அத்தை சிரித்துக்கொண்டு மகன் தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைத்தார்.