ஜாபர் அலி பெயரைத் தேடினால்

போதும். இத்தனை வருடம் வாயை மூடிக்கொண்டு இருந்தது போதும்.

ஜாபர் அலி போன வாரம் இறந்துவிட்டார். மாரடைப்பு. ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் பேசிக்கொண்டுதான் போனாராம்...

தெரியாதவர்களுக்கு... நானும் அவரும் சேலம் ஃபேர்லேண்ட்ஸில் ஒரு டிஜிட்டல் மார்க்கெட்டிங் கம்பெனியில் ஒன்றாக வேலை பார்த்தோம். வெப்சைட்டுகளைத் தேடலில் முதல் பக்கத்துக்குக் கொண்டு வருகிற எஸ்.இ.ஓ. வேலை.

அந்தக் கம்பெனி இப்போது தன் வெப்சைட்டில் அவருக்கு அஞ்சலி செலுத்தியிருக்கிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

எங்களுக்கு நாமக்கல்லில் ஒரு லாரி பாடி கட்டும் பட்டறை கஸ்டமராக இருந்தது. குப்புசாமி அண்ணன் பட்டறை. அவருக்கு இருந்தது அந்த ஒரே பட்டறைதான்.

எங்கள் எம்.டி. அதற்கு ஊர் ஊராகக் கிளை வைத்தார். மேப்பில் மட்டும், எந்த ஊரில் தேடினாலும் பட்டறை பெயர் வரட்டும் என்று. ஓமலூர் கிளை, ஆட்டையாம்பட்டி கிளை என்று வரிசையாக. ஒவ்வொரு ஊருக்கும் ஒரு பக்கம், ஊர்ப் பெயரை மட்டும் மாற்றி அதே நாலு பாரா.

மீட்டிங்கில் ஜாபர் நேராகவே சொன்னார். "இல்லாத கடைக்கு வழி சொன்னா, வர்றவன் நம்மளத்தான் சார் திட்டுவான்."

"பாய், நீங்க ரேங்க்கை மட்டும் பாருங்க" என்றார் எம்.டி. எல்லாக் கிளைக்கும் ஜாபருடைய ஆபீஸ் நம்பரையே போடவும் சொல்லிவிட்டார்.

இன்று அவருக்குக் கூப்பிய கை ஸ்டிக்கர் போடுகிறவர்கள் பலர் அன்று அந்த மேஜையைச் சுற்றித்தான் இருந்தார்கள். போனைப் பார்த்துக்கொண்டு.

பிறகு ஒரு நாள் காலை அந்த நம்பருக்கு ஒரு டிரைவர் கூப்பிட்டார். ஓசூரிலிருந்து புது சேஸிஸ், அதாவது இன்னும் பாடி கட்டாத லாரி, ஓட்டி வருகிறவர். பட்டறை பெயரைத் தேடியிருக்கிறார், மேப் வரும் வழியில் இருக்கிற ஓமலூர் கிளையைக் காட்டியிருக்கிறது.

"மேப்பு சொன்ன எடத்துலதான் நிக்கறேன். இங்க கோழித் தீவனக் குடோன்தான் இருக்குது. என்ன, கோழிக்கு பாடி கட்டறீங்களா?"

நாமக்கல் பட்டறையில் லாரி ஓனர் குடும்பத்தோடு காத்திருந்தார். சேஸிஸ் வந்ததும் பூஜை போட்டுத்தான் பாடி வேலையைத் தொடங்குவார்கள். நல்ல நேரம் பார்த்து வைத்திருந்தார்கள்.

ஜாபர் பைக்கை எடுத்தார். நான் பின்னால் ஏறிக்கொண்டேன்.

கேபின் இல்லாத வண்டி, முன்னால் கண்ணாடி கிடையாது. டிரைவர் கண்ணெல்லாம் தூசி. ஜாபர் தன் கூலிங் கிளாஸைக் கழற்றிக் கொடுத்தார். ஓமலூரிலிருந்து நாமக்கல் வரைக்கும் நாங்கள் முன்னால், அந்தச் சேஸிஸ் பின்னால்.

"தலைவரே, முதல் தடவையா ஒரு கஸ்டமரை நெஜமாவே கூட்டிட்டுப் போறோம்" என்றார். சிரித்துக்கொண்டே வந்தார் மனிதர்.

போய்ச் சேரும்போது நல்ல நேரம் முடிந்திருந்தது. லாரி ஓனர் வேறு பட்டறைக்கு வண்டியைத் திருப்பச் சொல்லிவிட்டார்.

குப்புசாமி அண்ணன் கத்தவில்லை. "ஏஞ்சாமி, எனக்கே தெரியாம ஓமலூர்ல எனக்குப் பட்டறை வெச்சுக் குடுத்தது ஆருங்க?" என்று மட்டும் கேட்டார்.

மறுநாள் எம்.டி. எங்களை வைத்துக்கொண்டே குப்புசாமி அண்ணனுக்குப் பதில் சொன்னார். ஜாபர் தன் இஷ்டத்துக்குச் செய்துவிட்டாராம். நம்பர்கூட அவருடையதுதானாம்.

"சார், போடச் சொன்னது நீங்க" என்று நான் அங்கேயே சொன்னேன். ஜாபரை அன்றே அனுப்பினார்கள். என்னைக் கொஞ்சம் ஆறப்போட்டு அனுப்பினார்கள்.

வெளியே எழுதட்டுமா என்று ஜாபரைக் கேட்டேன். "வேண்டாம் தலைவரே. பஞ்சாயத்துப் பண்றவன்னு பேர் வந்தா எவனும் வேலை தரமாட்டான்" என்றார். அதனால் எழுதவில்லை. ஆனால் 'மேப்பில் பொய்க்கடை போட்டவன்' என்ற பேர் அவரை விடவே இல்லை. போகிற ஆபீஸுக்கெல்லாம் அவருக்கு முன்னால் அது போய்ச் சேர்ந்தது.

வீட்டிலிருந்தே சின்னக் கடைகளுக்கு வேலை செய்தார். ஒரு மாம்பழக் கடையின் பக்கத்தில், சீசன் முடிந்த அன்றே 'பழம் தீர்ந்துவிட்டது, சித்திரையில் வாருங்கள்' என்று மேலேயே போட்டுவிடுவார்.

"ஏம் பாய், வர்ற ஆளை நீங்களே வெரட்டறீங்க?" என்பார் கடைக்காரர்.

"வெறுங்கூடையப் பாக்க வெயில்ல வரணுமாண்ணே?" என்பார் ஜாபர்.

முந்தாநாள் அவர் தம்பி போன் செய்தார். "அண்ணே, சொந்தக்காரங்க அண்ணன் பேரைத் தேடினா அந்தக் கம்பெனி பக்கந்தான் மொதல்ல வருது. கீழ ஒரு பட்டன். அமுக்கினா உங்க பிசினஸ் வளரணுமான்னு கேக்குது."

போய்ப் பார்த்தேன். 'எங்கள் குடும்பத்தில் ஒருவர், நேர்மையின் மறுபெயர்.' வரிக்கு வரி 'சேலத்தின் சிறந்த எஸ்.இ.ஓ. நிறுவனம்'. அவருடைய போட்டோ ஃபைலுக்குக்கூட கம்பெனி பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள்.

எடுக்கச் சொல்லிக் கேட்ட தம்பியிடம் "மரியாதைக்குப் போட்டதுப்பா" என்றாராம் எம்.டி.

நேர்மையானவர் என்றால் ஏன் அனுப்பினீர்கள்? அதை அந்தப் பக்கத்தில் எழுதுங்கள். அதற்கும் ஒரு பட்டன் வையுங்கள்.

ஒரு பெயரைத் தேடலில் மேலே கொண்டு வருகிற வேலை எனக்கும் தெரியும். அதனால் நேராகவே எழுதுகிறேன். ஜாபர் அலி, சேலம். நாமக்கல் லாரி பட்டறைக்குப் பொய்க் கிளை போட்டவர் ஜாபர் அலி இல்லை. போடாதீர்கள் என்று சொன்னவர் ஜாபர் அலி. பகிர்கிறவர்கள் அவர் பெயரை முழுதாக எழுதிப் பகிருங்கள்.

அவரோடு வேலை பார்த்தவர்கள் உங்களுக்குத் தெரிந்ததை எழுதுங்கள். ஸ்டிக்கர் வேண்டாம்.

போங்க ஜாபர்... இனி உங்களுக்கு எவன் வேலையும் வேண்டாம். நடந்ததை நான் சொல்லிக்கொள்கிறேன்.

கீழே என் பெயரைப் போட்டு, அழித்துவிட்டேன். பயந்து இல்லை. நான் யார் என்று எம்.டி.க்கு முதல் பாராவிலேயே தெரிந்திருக்கும். என் பெயர் இருந்தால் நாளைக்கு இதை எனக்கும் தனக்கும் உள்ள பழைய சண்டை என்பார். அந்தச் சண்டையும் உண்டுதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் இந்தப் பதிவில் ஒரே ஒரு பெயர்தான் தேடலில் கிடைக்க வேண்டும். என் பெயர் இல்லாமலே போடுகிறேன்.