பிஸ்கே கடலில் நானே விட்ட கண் மருந்து

எனக்கு எழுபத்துமூன்று வயது. வளர்த்தது ஏழு பேரை. பெற்றது நாலு, மற்ற மூன்றும் பலெர்மோவில் நான் வேலை செய்த வீடுகளின் பிள்ளைகள். சம்பளத்துக்கு வளர்த்தாலும் வளர்ப்பு வளர்ப்புத்தான். அதுகளுக்கும் நான்தான் மூக்குத் துடைத்துவிட்டேன். ஐந்தாம் வகுப்போடு என் படிப்பு முடிந்தது. அதனால் எழுத்து கோணலாக இருக்கும். விஷயம் கோணலாக இராது.

ஏன் எழுதுகிறேன் என்று சொல்கிறேன். ஜெர்மனியில் இருக்கிற என் மூத்த மகள் தொலைபேசியில் எல்லாருக்கும், “அம்மாவைக் கப்பலிலை பத்திரமாய்க் கொண்டுபோய் விட்டிட்டு வந்தன்” என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள். யார் யாரைக் கொண்டுபோனது என்பதை நானும் ஒருமுறை சொல்ல வேண்டும்.

செப்டெம்பரில் மூன்று கிழமை நின்றுவிட்டு வருவோம் என்று ஹம்பேர்க்கில் அவள் வீட்டுக்குப் போனேன். இரண்டாம் கிழமை என் வலது கண்ணின் ஓரத்தில் கறுப்புத் திரை ஒன்று இறங்கியது. கண்ணின் உள்தோல் கழன்றுவிட்டது என்றார்கள். உடனே ஒட்டினார்கள். ஒட்டினது பிடிக்கும்வரை அழுத்தி வைத்திருக்க, கண்ணுக்குள் வாயுவை அடைத்தார்கள். அது கரைய எட்டுக் கிழமை ஆகுமாம். அதுவரை விமானம் ஏறக்கூடாது. உயரத்தில் வாயு விரிந்தால் கண் போய்விடும். ரயிலும் கூடாது, இத்தாலிக்கு வருகிற பாதை மலையில் ஏறி இறங்குகிறது.

அந்த வாயு எனக்குத் தெரியும். தெரியும் என்றால், கண்ணாலேயே தெரியும். போத்தலில் பாதி தண்ணீர் நின்றால் ஒரு கோடு இருக்குமே, அப்படி ஒரு கோடு கண்ணுக்குள் நின்றது. கோட்டுக்கு மேலே உலகம், கீழே கலங்கல். தலையைச் சரித்தால் கோடும் ஆடும்.

மகள் பார்த்தாள். குறை சொல்ல மாட்டேன். ஒரு நாளைக்கு நாலு தரம் இரண்டு மருந்து, வெள்ளை மூடியும் ரோசா மூடியும், இரண்டுக்கும் நடுவில் ஐந்து நிமிஷம். மத்தியான மருந்துக்கு வேலைத்தலத்திலிருந்து ஓடி வருவாள். வாசலிலேயே செருப்பை உதறிவிட்டு, கையைக் கழுவி, என் இமையைப் பிடித்து இழுத்து விடுவாள். நான் சொல்கிற குறை வேறு.

ஒரு நாள் பலெர்மோவிலிருந்து வீட்டுக்கார அம்மா, எங்கள் சிஞ்ஞோரா, எனக்குத் தொலைபேசி எடுத்தார். நவம்பர் முடிய வீட்டை விடுகிறீர்களாமே, உங்கள் மகள் சொன்னா, கட்டில்களை என்ன செய்வது என்று கேட்டார். நான் முப்பத்தொரு வருஷமாக வாடகைக்கு இருக்கிற வீடு அது. வுச்சீரியாச் சந்தைப் பக்கம், மூன்றாம் மாடி, இரண்டு அறை. அந்தக் கட்டிடத்துப் படிகளை நானே இருபது வருஷம் கழுவியிருக்கிறேன். என்னைக் கேட்காமல் அதை விட்டாயிற்று.

அன்று மத்தியானம் அவள் மருந்தோடு வந்தபோது நான் கண்ணைத் திறக்கவில்லை.

“அம்மா, உங்களுக்கு மருந்தை நீங்களாய் விடத் தெரியாது. அங்கை ஆர் விடுவினம்? தம்பிக்கு நேரமிருக்கே?” என்றாள்.

தம்பி என்றது பலெர்மோவுக்குப் பக்கத்து ஊரான பகேரியாவில் இருக்கிற என் கடைசி மகனை. அவனும் மனைவியும் விடிய ரயிலேறினால் இருட்டிய பிறகுதான் வீடு திரும்புவார்கள். அது உண்மை. எனக்கு மருந்து விடத் தெரியாது என்பதும் அன்றைக்கு உண்மைதான். கை கிட்டே வந்தாலே கண் மூடிக்கொண்டுவிடும். ஆனாலும் உண்மை என்பதற்காக ஒரு மனுசியின் வீட்டை விற்றுவிட முடியுமா? விற்கவில்லை, விட்டாள். எனக்கு இரண்டும் ஒன்றுதான்.

எங்கள் பலெர்மோக் கட்டிடத்து மொட்டைமாடியில் உடுப்புக் காயப்போடும்போது துறைமுகம் தெரியும். ஒவ்வொரு வருஷமும் வடக்கில் குளிர் தொடங்கும் நேரம், அதுவரை காணாத பெரிய உல்லாசக் கப்பல்கள் ஒவ்வொன்றாய் வந்து கட்டும். கோடை முழுக்க வட கடலில் ஓடிவிட்டு குளிருக்கு எங்கள் பக்கம் இறங்கி வருகிறவை. அப்படி இறங்குகிற ஒன்றில் என்னை ஏற்றிவிடு, கடலுக்கு உயரமில்லை என்று சொன்னேன். கண் டாக்டரிடம் கேட்டாள். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, கடல் பரவாயில்லை, விழாமல் இருந்தால் சரி என்றார். அவர் மறிப்பார் என்று நம்பித்தான் கேட்டாள் என்பது அவள் முகத்தில் தெரிந்தது.

பிறகு கைத்தொலைபேசியில் கடலின் படத்தைக் காட்டினாள். பிரான்சுக்கும் ஸ்பெயினுக்கும் பக்கத்தில் பிஸ்கே என்ற இடம் சிவப்பாக இருந்தது. இலையுதிர் காலத்தில் அங்கே அலை வீட்டு உயரம் எழும்பும் என்றாள். ஒக்டோபர் கடல் சாதுவான கடல், எங்கள் ஊரில் அப்போதும் ஆட்கள் குளிக்கிறார்கள் என்று நான் சொன்னேன். அது பலெர்மோக் கடல். எல்லாக் கடலும் ஒன்று என்று நினைத்தது என் பிழை. பெரிய பிழை.

அவள் லீவு எடுத்து என்னோடு வருவதாகச் சொன்னாள். ஆனால் ஒரு நிபந்தனை வைத்தாள்.

“பலெர்மோ போய்ச் சேருமட்டும் மருந்தை நீங்களே விட வேணும். ஒரு நேரம் தவறினாலும், நான் விட வேண்டி வந்தாலும், என்னோடை திரும்பி வாறீங்கள். பிறகு வீட்டைப் பற்றிக் கதைக்கக் கூடாது.”

“ஓம்” என்றேன்.

முதல் நாள் கப்பல் ஹம்பேர்க்கிலிருந்து கடலுக்குப் போகிற ஆற்றில் ஓடியது. தேத்தண்ணிக் கோப்பை கூட அசையவில்லை. இதுவோ உன்ரை சிவப்புக் கடல் என்று அவளைக் கேட்டேன். கட்டிலில் இருந்து, சுவரில் தலையைச் சாய்த்து, இடது கையால் இமையைப் பிடித்து விட்டேன். மூன்று துளிக்கு ஒரு துளி கண்ணுக்குள் போனது. போனது போனதுதான்.

அடுத்த நாள் வட கடல். சாம்பல் நிறம். அலை பெரிதில்லை, ஆனால் கட்டை அலை, ஓயாமல் பக்கத்தில் குத்திக்கொண்டிருந்தது. மழை மேலிருந்து விழாமல் பக்கவாட்டில் வந்தது. வெளித்தளத்துக்குப் போகும் கதவுகளைக் கயிற்றால் கட்டிவிட்டார்கள். இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் நடுவில் புகார் மூடியது, முன்னால் ஒன்றும் தெரியவில்லை. கப்பல் சில நிமிஷத்துக்கு ஒருமுறை மாடு கத்துகிற மாதிரிக் கத்திக்கொண்டே போனது. இதுவரை நான் தாக்குப் பிடித்தேன். வெள்ளை மூடிப் போத்தல் மட்டும் மளமளவென்று இறங்கியது. அதை நான் மகளுக்குச் சொல்லவில்லை.

பிஸ்கேக்குள் வந்தபோது காற்று நின்றுவிட்டது, வெயிலும் எறித்தது. நான் சிரித்தேன். ஒரு மணித்தியாலத்தில் சிரிப்பு நின்றது. எங்கேயோ தூரத்தில் அடித்து ஓய்ந்த புயலின் அலை இங்கே வந்துகொண்டிருக்கிறது என்று ஒலிபெருக்கியில் சொன்னார்களாம், மகள் சொன்னாள். வட கடல் குத்தியது, இது தூக்கியது. நீளமான, மழமழப்பான மேடுகள், நுரைகூட இல்லை. கப்பல் மெதுவாக ஒரு பக்கம் சரியும், இனி நிமிராதோ என்று நினைக்கும்போது நிமிரும், பிறகு மற்றப் பக்கம். என் கண்ணுக்குள் இருந்த கோடும் சரிந்தது. வெளியே ஒரு கடல், உள்ளே ஒரு கடல். ஸ்பெயினின் வடக்கில் நிற்க வேண்டிய துறைக்குள் நுழைய முடியாது என்று விட்டுவிட்டார்கள்.

மகள் படுத்துவிட்டாள். பக்கத்தில் வாளி. முகம் பச்சை. மத்தியான மருந்துக்கு நான் கட்டிலில் இருந்தேன். முதல் துளி கன்னத்தில். இரண்டாவது மூக்கில். மூன்றாவதுக்குப் போத்தல் நுனியே இமையில் இடித்தது. பயந்துவிட்டேன், பொய் சொல்லக் கூடாது. ஒட்டின கண்ணை நானே குத்திக்கொண்டால் வீடு எதற்கு?

போத்தலைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு, கைப்பிடியைப் பிடித்தபடி சாப்பாட்டு மண்டபத்துக்குப் போனேன். சாப்பிட இல்லை, அந்த அறையில் இருக்க முடியவில்லை. அங்கே பாதி மேசை காலி. பரிமாறுகிற பெண் ஒருத்தி, என் கடைசி மகனின் வயது இருக்கும், மேசைவிரிப்புகளுக்கு மேலே தண்ணீர் தெளித்துக்கொண்டு போனாள். ஏன் நனைக்கிறாய் என்று கையால் கேட்டேன். அவள் ஒரு தட்டை ஈர விரிப்பில் வைத்து, கப்பல் சரியும்வரை காத்திருந்து காட்டினாள். தட்டு அசையவில்லை. நாற்பது வருஷம் ஈரத்துணியோடு சீவித்த எனக்கு அது தெரியாமல் போயிற்றே என்று வெட்கமாக இருந்தது.

அறைக்கு வந்து குளியலறைத் துவாய்கள் நாலையும் நனைத்துப் பிழிந்தேன். இரண்டைக் கட்டிலுக்கும் அலுமாரிக்கும் நடுவில் தரையில் விரித்தேன். மற்ற இரண்டையும் இறுக்கிச் சுருட்டி, தலைக்கு இரண்டு பக்கமும் அணையாக வைத்தேன். மல்லாந்து படுத்தேன். கால்களை அலுமாரியில் முட்டுக்கொடுத்தேன். கப்பல் சரிந்தது, நான் சரியவில்லை.

மேலே கட்டிலிலிருந்து அவள் எட்டிப் பார்த்தாள். “அம்மா, தாங்கோ, நான் விடுறன்” என்றாள். கை நீண்டு வந்தது. நிபந்தனைக்காகக் கேட்கவில்லை, பாவம், பயத்தில்தான் கேட்டாள். அது விளங்கியது. விளங்கினாலும் கொடுக்கவில்லை.

“நீ வாளியைப் பிடி” என்றேன்.

கப்பல் நிமிர்ந்து ஒரு மூச்சு நிற்கிற நேரம் ஒன்று இருக்கிறது. அதற்குக் காத்திருந்தேன். வெள்ளை மூடி: துளி குளிராக நேரே உள்ளே போனது. ஐந்து நிமிஷம் தரையில் கிடந்தேன். பிறகு ரோசா மூடி. அதுவும் போனது. அன்றிலிருந்து ஒரு துளியும் வீணாகவில்லை. ஆனால் முன்னம் கொட்டினது கொட்டினதுதானே. ஸ்பெயினின் தெற்கில் கடிஸ் துறைக்கு வந்த காலை வெள்ளைப் போத்தலில் ஒன்றும் மிச்சமில்லை.

மகள் இரண்டு நாள் கழித்து அன்றைக்குத்தான் அயர்ந்து தூங்கினாள். நான் வெறும் போத்தலையும் மருந்துச் சீட்டையும் கைப்பையில் வைத்து, படியால் இறங்கி நடந்தேன். தரை ஆடுகிற மாதிரி இருந்தது. மருந்துக்கடைக்குப் போடுகிற பச்சைச் சிலுவை விளக்கைத் தேடிப் போய், என் இத்தாலியனில் கேட்டேன். மருந்துக்கடைக்காரர் தன் ஸ்பானியத்தில் பதில் சொன்னார். ஒருவருக்கொருவர் விளங்கியது. புதுப் போத்தலின் மூடியும் வெள்ளைதானா என்று பார்த்து வாங்கினேன்.

கப்பலடியில் அவள் தலைகூட வாராமல் நின்றாள்.

“எங்கை போனீங்கள்?”

“மருந்துக்கடைக்கு.”

“என்னட்டைச் சொல்லியிருக்கலாமே.”

“சொன்னால் நீ வந்திருப்பாய்.”

அவள் அழுதாள். நானும் அவளோடு நின்றேன். கை பிடிக்கவில்லை, இரண்டு பேருக்கும் ரோசம்.

பலெர்மோவுக்கு வந்த காலை கடல் எண்ணெய் மாதிரி இருந்தது. மொந்தே பெல்லெக்ரீனோ மலையின் தலை என் கண்ணுக்குள் நின்ற கோட்டுக்கு மேலே தெரிந்தது, அடி தெரியவில்லை. மகள் தளத்தில் நின்று வீட்டுக்காரச் சிஞ்ஞோராவுக்குத் தொலைபேசி எடுத்தாள். ஜெர்மனியில் பதினைந்து வருஷம் இருந்தும் அவள் இத்தாலியன் பலெர்மோக்காரியின் இத்தாலியன்தான். அம்மா வீட்டை விடவில்லை, இருக்கிறா, கட்டிலைத் தொட வேண்டாம் என்றாள். கோபத்தோடுதான் சொன்னாள். சொன்னாள், அது போதும்.

ஒரு கிழமை நின்றுவிட்டு விமானத்தில் திரும்பினாள். மருந்து விடும்போதெல்லாம் வீடியோவில் காட்ட வேண்டும் என்று சொல்லிப் போனாள். மூன்று நாள் காட்டினேன். நாலாம் நாள் தொலைபேசியை முகட்டைப் பார்க்க வைத்துவிட்டு மருந்தை விட்டேன். இப்போது வாயு ஒரு மிளகளவுக்கு வந்துவிட்டது. மருந்தும் முடிந்தது.

இதை எழுத நாலு நாள் சென்றது. பகேரியாவிலிருந்து பேத்தி வந்திருக்கிறாள், கடைசி மகனின் பிள்ளை. தமிழை எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பாள். பரவாயில்லை, எனக்கு அவசரமில்லை.

இஞ்சை வா, பிள்ளை. ஜெர்மனி மாமிக்கு அனுப்ப முன்னம் இதை ஒருக்கா எனக்கு வாசிச்சுக் காட்டு. ஒண்டையும் திருத்தாதை.