தார் தெரிந்தால் ஆருமில்லை

எங்கள் கார் ஓட்ட அணியில் என் வேலை உயரத்தில் நின்று பார்ப்பது. பார்வையாளர் மேடையின் ஆக உச்சியில், காதில் ஹெட்செற்றும் கையில் ரேடியோவுமாக நிற்பேன். கீழே வட்டப் பாதையில் மகள் ஓட்டுவாள். ஹெல்மெற்றுக்குள்ளும் கழுத்துப் பட்டிக்குள்ளும் தலை இறுகிக் கிடப்பதால் அவளால் பக்கத்தில் திரும்பிப் பார்க்க முடியாது. அவளுக்கும் சேர்த்து நான் பார்க்கவேண்டும். இந்த வேலைக்கு ஸ்பொட்டர் என்று பெயர். உலகத்திலேயே பெரிய பயந்தாங்கொள்ளியைப் பிடித்து இதற்கு விட்டிருக்கிறோம் என்று என் கணவர் எல்லாரிடமும் சொல்லிச் சிரிப்பார்.

சிரிக்கட்டும், உண்மைதானே. அடுப்பை அணைத்தேனா என்று பார்க்க பஸ்ஸால் இறங்கி வீட்டுக்குத் திரும்பி வருகிற ஆள் நான். குழந்தைகள் காப்பகம் ஒன்றில், இங்கே கார்டெரி என்பார்கள், எனக்குச் சமையல் வேலை. எந்தப் பிள்ளைக்குக் கச்சான் கடலை ஒத்துக்கொள்ளாது, எந்தப் பிள்ளைக்கு முட்டை ஒத்துக்கொள்ளாது என்று நித்திரையிலும் சொல்லுவேன்.

அணி என்றதும் பெரிதாக நினைக்கவேண்டாம். கியூபெக்கில், லாசால் என்ற இடத்தில், ஒரு கராஜின் பின்வளவில் தொடங்கிய சங்கதி அது. கணவரின் தம்பி அங்கே மெக்கானிக். கராஜ் முதலாளி ஒரு கியூபெக்காரர். இளமைக் காலம் முழுவதும் சனிக்கிழமைகளில் ஸ்ரொக் கார் ஓட்டியவர். வெளியிலிருந்து பார்த்தால் வீதியில் ஓடுகிற கார் போலத்தான் அது இருக்கும். உள்ளே ஒரு இருக்கை, ஆளைச் சுற்றி ஒரு இரும்புக் கூடு, வேறொன்றும் கிடையாது. அமெரிக்கர்கள் தொடக்கிய பைத்தியம், எல்லை தாண்டி எங்களுக்கும் ஒட்டிக்கொண்டது என்பார் முதலாளி. அவருடைய முதுகு பழுதானதும் அந்தப் பைத்தியத்தையும் காரையும் சேர்த்துத் தம்பியின் தலையில் கட்டிவிட்டார்.

முதல் கோடைகளில் தம்பிதான் ஓட்டினார். என் கணவர் துறைமுகத்தில் கொன்ரெய்னர் ட்ரக் ஓட்டுகிறவர், அதனால் காரை ஏற்றி இழுத்துப்போகும் பொறுப்பு அவருக்கு. எனக்குச் சோற்றுப் பார்சல். அதோடு கவலைப்படுகிற வேலையும் என்னுடையதுதான். அதற்கு வேறு ஆள் தேடவேண்டிய தேவை அவர்களுக்கு வரவில்லை.

மகள் அப்போது சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில் கொலிஜ் படித்துக்கொண்டிருந்தாள். சனிக்கிழமைகளில் வந்து ரயர் உருட்டுவாள், காற்று அளப்பாள். ஒருநாள் ஓட்டம் தொடங்குவதற்கு முன்னம், பிரேக் ஒரு பக்கம் இழுக்குதா என்று பார்க்கச் சொல்லித் தம்பி அவளைக் காரில் ஏற்றி அனுப்பினார். அவள் சுற்றி வந்ததும் மணிக்கூட்டைப் பார்த்தார். இன்னொருக்கால் சுற்றச் சொல்லிவிட்டுத் திரும்பவும் பார்த்தார். பிறகு தன் ஹெல்மெற்றைத் தூக்கி என் மடியில் வைத்தார்.

"இது என்னத்துக்கு எனக்கு?"

"பிள்ளையின்ரை தலைக்குச் சின்னனா ஒண்டு வாங்கோணும், அண்ணி. இனி அவள்தான் ஓட்டுறாள்."

"பகிடி விடாதையும்."

"நான் விடுவன். மணிக்கூடு விடாது."

அன்று நான் சாப்பிடவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை கோயிலில் ஒரு அக்கா என்னைத் தூணடிக்குக் கூப்பிட்டு விசாரித்தார். "பொம்பிளைப் பிள்ளையை வைச்சுச் சுத்திச் சுத்திக் கார் ஓட்டுறியளாம். அதுவும் இடப்பக்கமாவாம். சுத்துறதுதான் சுத்துறியள், வலமாச் சுத்தினால் புண்ணியமாவது கிடைக்கும்!" வீட்டில் வந்து சொன்னேன். அதற்குப் பிறகு கார் பழுதாகி நிற்கிற நேரமெல்லாம் "வலமாச் சுத்தியிருக்கோணும்" என்பது எங்கள் வீட்டுப் பகிடியாகிவிட்டது.

முதலில் ஸ்பொட்டராக நின்றவர் என் கணவர். அவர் நல்ல ரசிகர், அதுதான் பிரச்சினை. "உள்ளுக்கு ஒருத்தன் வாறான்... ஐயோ அங்கை பார், சிவப்புக் காரின்ரை ரயர் போச்சு! போச்சு!" என்று ரேடியோவில் கத்துவார். "அப்பா, எனக்கு கொமென்ரறி வேண்டாம்" என்று மகள் கெஞ்சுவாள். ஒரு சனிக்கிழமை அவரால் துறைமுக வேலையை விட்டு வரமுடியவில்லை. காரைத் தம்பி பார்க்கவேண்டும். மிச்சம் இருந்தது நான். ஸ்பொட்டர் இல்லாத காரைப் பாதையில் இறங்க விடமாட்டார்கள்.

தம்பி எனக்கு மூன்று சொல் மட்டும் சொல்லித் தந்தார். உட்பக்கத்தில் கார் நின்றால் 'உள்ளுக்கு'. சுவர்ப்பக்கத்தில் நின்றால் 'வெளியாலை'. பக்கத்தில் யாருமே இல்லையென்றால் 'ஆருமில்லை'. அந்த மூன்றாவது சொல்லைக் கேட்டால்தான் அவள் துணிந்து பக்கம் மாறுவாள்.

கம்பியைப் பிடித்துப் பிடித்துப் படியேறினேன். ஆனால் ஓட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில், முன்னால் போன ஒரு காரின் பின்பக்கம் கொஞ்சம் ஆடுவது தெரிந்தது. வேறு ஆட்கள் கண்டிருப்பார்களோ தெரியாது. கெட்டது எங்கேயிருந்து வரும் என்று பார்த்தே பழகிய கண் எனக்கு. "பொறு!" என்று கத்தினேன். மகள் காலை எடுத்தாள். முன்னால் கார்கள் ஒன்றோடொன்று மோதிப் பாதையை அடைத்தன. அவள் மெதுவாக ஓரத்தால் வந்தாள், காரில் ஒரு கீறலும் இல்லை. அன்றைக்கே அந்த வேலை எனக்கு நிரந்தரமாகிவிட்டது.

ஆனால் ரேடியோவைப் பிடிக்க எனக்குத் தெரியாது. பயத்தில் பட்டனை அமத்தியபடியே நிற்பேன். "அம்மா, கையை எடுங்கோ, நீங்கள் மூச்சு விடுறது கேக்குது" என்பாள் மகள். எடுப்பேன். அடுத்த சுற்றில் மறுபடியும் அமத்திப் பிடித்திருப்பேன்.

கோடை முடிகிற நேரத்தில் எல்லைக்கு அங்கால், நியூயோர்க் மாநிலத்தின் வடக்கில், ஒரு நீண்ட ஓட்டம் நடக்கும். பின்னேரம் சின்ன ஓட்டங்கள் வைத்து முன்னுக்கு வருகிற சிலரை மட்டும் பெரிய ஓட்டத்துக்கு எடுப்பார்கள். எங்கள் அணிக்கு அதற்குள் ஒருமுறையாவது நுழைந்துவிடவேண்டும் என்று ஆசை. முதல் தடவை தம்பி ஓட்டிய காலத்தில் போனோம், எஞ்சின் கொதித்து நின்றுவிட்டது. இரண்டாம் தடவை மகள் போனாள். பெரிய ஓட்டத்துக்கு எடுக்கிற கடைசி இடத்துக்காக, வெளிப்பக்கத்தால் ஒரு காரை முந்தினாள். முந்தியது எனக்கும் தெரிந்தது. ஆனாலும் என் வாயில் 'உள்ளுக்கு, உள்ளுக்கு' என்றே வந்துகொண்டிருந்தது. அவள் உட்பக்கத்துக்கு இறங்காமல் காத்திருந்தாள். அதற்குள் வளைவு வந்துவிட்டது. உட்பக்கத்துக்காரன் குறுக்கால் போய்விட்டான். ஒரேயொரு இடத்தால் தவறிப்போனது.

திரும்பி வரும்போது எல்லையில் வாகனங்கள் நீளமாக நின்றன. அங்கே வைத்துத்தான் மகள் கேட்டாள்.

"அம்மா, அவன் பின்னாலை போயிட்டான். ஏன் சொல்லேல்லை?"

"பின்னாலை போனவன் திரும்பி வந்தாலும் எண்டு..."

"வருவான்தானே, அவனும் ஓடத்தானே வந்தவன். அதைப் பாக்கிறது என்ரை வேலை. நீங்கள் காணுறதைச் சொல்லுங்கோ. பயப்பிடுறதைச் சொல்லாதேங்கோ."

"நான் அப்பவே சொன்னனான், நான் நிண்டிருந்தால்..." என்று கணவர் தொடங்கினார். "அப்பா, நீங்கள் கதைக்கக் கூடாது. உங்களை நிப்பாட்டினால் எந்தக் கடையிலை ஹொட்டோக் நல்லம் எண்டுதான் சொல்லுவியள்" என்று அவரையும் அடக்கினாள்.

முன் இருக்கையில் இருந்த தம்பி திரும்பாமலே கேட்டார். "அண்ணி, வாற வருஷம் முதலாளியின்ரை மருமகனைக் கேட்டுப் பாப்பமே? அவன் கனகாலம் செய்தவன்."

அவர் நல்ல மனத்தோடுதான் கேட்டார். எனக்கும் அது வசதிதான். கீழே இருந்து சோற்றைப் பிரித்துக் கொடுத்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு கும்பிடலாம். ஆனால் மேலே வேறொருவன் நிற்க, கீழே என் பிள்ளை ஓட, அவன் என்ன கண்டான் என்ன காணவில்லை என்று தெரியாமல் நான் இருக்கமுடியுமா? யோசித்துப் பார்த்தேன். அதைவிடப் பெரிய பயம் எனக்கு வேறொன்று இல்லை.

"வேண்டாம். வாற வருஷமும் நான்தான் நிப்பன்" என்றேன்.

மகள் என் பக்கம் திரும்பினாள். "ஒரு தரம், அம்மா. அங்கை திரும்பவும் இப்பிடி நடந்தால் பேந்து நீங்கள் கீழை, சோத்துப் பார்சலோடை. சரியே?"

"ஓம்."

ஆருமில்லை என்ற அந்தச் சொல் எனக்கு லேசில் வராததற்குக் காரணம் உண்டு. பத்தாம் வகுப்பு முடியும் முன்னமே எனக்குப் பள்ளிக்கூடம் நின்றுபோனது, ஊரில் சண்டை நடந்து இடம்பெயர்ந்து திரிந்த காலம். ஒழுங்கை முகப்பில் எட்டிப் பார்த்து "ஆருமில்லை, வாங்கோ" என்று சொல்லும் வேலையை வீட்டில் என்னிடம்தான் தந்திருந்தார்கள். சொன்ன பிறகு யாராவது வந்துவிட்டால்? அதனால் பார்த்துவிட்டு, பிறகும் ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் சொல்லுவேன். அங்கே அது சரி. வட்டப் பாதையில் இரண்டாம் முறை பார்க்க நேரம் கிடையாது.

எங்கள் வீட்டிலிருந்து கொஞ்சத் தூரத்தில் பெருந்தெருவுக்கு மேலாக ஒரு நடைபாலம் இருக்கிறது. வேலை முடிந்ததும் டெப்பனர் என்கிற மூலைக் கடையில் ஒரு கோப்பி வாங்கிக்கொண்டு அங்கே போய் நிற்கத் தொடங்கினேன். கீழே ஒரு வெள்ளைக் காரைத் தெரிந்தெடுத்து, அதுதான் மகள் என்று வைத்துக்கொள்வேன். பக்கத்தில் வருகிற வாகனங்களைப் பார்த்து வாய்விட்டுச் சொல்லுவேன். உள்ளுக்கு. வெளியாலை. உள்ளுக்கு. ஆருமில்லை. முதல் கிழமைகளில் எல்லாமே பிந்தித்தான் வந்தது. கார் பாலத்துக்குக் கீழே மறைந்த பிறகு ஆருமில்லை என்பேன். மறைந்த பிறகு சொல்லி என்ன, சொல்லாமல் விட்டு என்ன.

ஒருநாள் சைக்கிளில் வந்த ஒரு பெண் சடாரென்று நின்றாள். "சா வா, மடாம்?" என்று கேட்டாள், சுகமா என்று. கம்பியைப் பிடித்துக்கொண்டு, கீழே பார்த்தபடி, தனக்குத்தானே கதைக்கிற ஒரு மனுசி. அவள் என்ன நினைத்திருப்பாள் என்பது எனக்கு விளங்கியது. "வுயி, வுயி! மகள், கார், ஓட்டம்" என்று எனக்குத் தெரிந்த பிரெஞ்சையெல்லாம் அவிழ்த்துவிட்டேன். அதைக் கேட்டு அவள் இன்னும் பயந்துவிட்டாள். நான் பாலத்தைக் கடந்து மறுகரையில் இறங்கும்வரை சைக்கிளை உருட்டிக்கொண்டு கூடவே வந்தாள். அடுத்த நாள் கணவரைக் கூட்டிக்கொண்டு போனேன்.

"நீர் செய்யிறது விசர் வேலை" என்றார் அவர். ஆனால் மார்கழிக் குளிரிலும் கூடவே வந்து நின்றார், மூக்கு சிவக்க.

அந்தக் குளிரில்தான் எனக்கு ஒரு விஷயம் பிடிபட்டது. அதுவரைக்கும் நான் கார்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். கார் பயமுறுத்தும், என்ன செய்யுமோ என்று மனம் ஓடும். இரண்டு காருக்கும் நடுவில் இருக்கிற தாரைப் பார்த்தால் அந்தக் கரைச்சல் இல்லை. தார் தெரியாவிட்டால் ஆள் இருக்கிறான். ஒரு கீற்றுத் தார் தெரிந்துவிட்டால் ஆருமில்லை. பிறகு அவன் என்ன செய்வான் என்பது தாருக்குத் தெரியாது, நானும் சொல்லத் தேவையில்லை. பங்குனி வரும்போது கோப்பி கையிலிருந்து சிந்தாமல் சொல்லப் பழகிவிட்டேன்.

கோடை முடிவில் மூன்றாம் தடவையாக எல்லை தாண்டினோம். அமெரிக்கப் பாதையின் மேடை எங்களுடையதைவிட உயரம். எனக்கு இரண்டு பக்கமும் நின்ற ஸ்பொட்டர்கள் பெரிய தாடிக்காரர்கள். நான் சாறித் துண்டொன்றைக் காதைச் சுற்றிக் கட்டி, அதற்கு மேல் ஹெட்செற்றைப் போட்டிருந்தேன், காற்று அப்படி.

சின்ன ஓட்டம் தொடங்கியது. மகள் நடுவில் மாட்டிக்கொண்டாள். ஒருவரை முந்தினாள், இன்னொருவர் தானாகவே ஒதுங்கினார். கடைசிச் சுற்று வரும்போது உள்ளே போவதற்கு இன்னும் ஒரு இடம் தேவைப்பட்டது. அந்த இடத்தில் ஒரு நீலக் கார். அதை வெளிப்பக்கத்தால் பிடித்தாள். போன வருஷம் நடந்ததே திரும்பவும் நடந்தது. அதே எதிர்ப்பக்க நேர்ப்பாதை, கொஞ்சம் தள்ளி அதே வளைவு.

"உள்ளுக்கு" என்றேன். இரண்டும் ஒட்டிக்கொண்டு போயின. "உள்ளுக்கு." நீலக் காரின் மூக்கு அவளுடைய கதவடிக்கு வந்தது. "உள்ளுக்கு." பின் சில்லடிக்கு வந்தது. பிந்திச் சொன்னால் வளைவு வந்துவிடும். முந்திச் சொன்னால் அவள் அவன் மூக்கில் ஏறிச் சுவரில் போய் அடிப்பாள், வேறு ஒருவனுக்கு அப்படி நடந்ததை இதே கண்ணால் கண்டிருக்கிறேன். காரைப் பார்க்காதே என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.

தார் தெரிந்தது. மெல்லிய ஒரு கீற்று.

"ஆருமில்லை!"

சொல் முடியவில்லை, அவள் இறங்கிவிட்டாள். நீலக் காரின் மூக்கு அவளுடைய பின் பம்பரை ஒருமுறை தட்டியது. கார் ஆடியது. "பொறு" என்று வாய் உன்னியது. பல்லைக் கடித்துக்கொண்டேன். அது நான் பயந்தது, கண்டது இல்லை. அவள் ஸ்ரியறிங்கைப் பிடித்து நிமிர்த்தி, வளைவை எடுத்து, கோட்டைத் தாண்டினாள். அந்தக் கடைசி இடம் எங்களுக்கு.

பக்கத்தில் நின்ற தாடிக்காரர் என் முதுகில் ஒரு தட்டுத் தட்டினார். கீழே தம்பி ஒரு ரயரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு குந்தியிருப்பது தெரிந்தது. ரேடியோவில் மகளின் குரல் வந்தது.

"அம்மா."

"என்ன பிள்ளை?"

"பட்டனிலை இருந்து கையை எடுங்கோ. மூச்சு கேக்குது."

எடுத்தேன். விரல் விறைத்துப்போயிருந்தது.

கணவர் மேடையின் அடியில் வந்து நின்று அண்ணாந்து கூப்பிட்டார். "இஞ்சாரும், பெரிய ஓட்டத்துக்கு இன்னும் நேரம் கிடக்கு! இறங்கி வந்து சோத்தைச் சாப்பிடும்!"

"மேலை கொண்டுவந்து தாங்கோ" என்றேன். "நான் இஞ்சையேதான் நிக்கப்போறன்."