கொலனி முறை

ஆனையிறவு கழிந்து பளைப் பக்கம் நடந்துகொண்டிருந்தபோது செருப்பின் வார் அறுந்தது. ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு மற்றதைப் போட்டபடி கொஞ்சத் தூரம் போனேன். சரிவரவில்லை. இரண்டையும் வீதியோரப் பற்றைக்குள் போட்டுவிட்டு வெறுங்காலோடு நடந்தேன். விடிந்து அதிக நேரம் ஆகவில்லை, தார் இன்னும் சூடேறவில்லை. தோளில் ஓர் உரப்பை. அதற்குள் இரண்டு சாரம், ஒரு சேட்டு, ஒரு துவாய். நாற்பது கடந்த ஆளுக்கு அது குறைவுதான். ஆனால் நடக்கிறவனுக்கு அதுவே சுகம்.

பின்னால் விட்டுவந்தது அண்ணையின் வீடு. கடலேரிக்கு அப்பால், வன்னியில், குளத்துத் தண்ணீரை நம்பிக் காட்டை வெட்டி உண்டாக்கிய குடியேற்றத் திட்டம் அது. எங்கள் சனம் அதைக் கொலனி என்று சொல்லும். அங்கேதான் பிறந்தேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றது. நிறுத்தியது இடப்பெயர்வு. திரும்பத் திறந்தபோது போகாமல் விட்டது நான். பிறகு உப்பளம், பேக்கரி, குருநகரில் வலை இழுப்பு, கொழும்பில் கொங்கிறீட் என்று போய்ப் போய் வந்தேன். ஒவ்வொரு தடவையும் திரும்பி வந்தது கொலனிக்குத்தான்.

இந்தத் தடவை திரும்பியதற்குக் காரணம் ஓர் ஆசை. அடுத்தவன் பயிருக்குக் கூலியாக நின்றது போதும், என்னுடையது என்று ஒரே ஒரு பயிர் வைத்துப் பார்க்கவேண்டும். வயலின் ஓரத்தில் ஒரு துண்டு தா என்று அண்ணையிடம் கேட்டேன்.

"துண்டாக்கிக் குடுக்கேலாது எண்டு உனக்குத் தெரியும்தானே" என்றான் அண்ணை. உண்மை. கொலனிக் காணியைப் பிரிக்கக்கூடாது. ஒரு பிள்ளையின் பேரில்தான் எழுதலாம். எங்கள் தலைமுறையில் இரண்டாவது, மூன்றாவது பிள்ளைகளெல்லாம் என்னைப்போல வீதியில் நடந்தவர்கள்தான். "சோறு கிடக்கு, கொட்டில் கிடக்கு, இரு" என்றான். பிறகு, "இல்லாட்டி உனக்கு ஊரிலை கிணறு கிடக்கெல்லோ. போய் உன்ரை முறைக்கு இறை" என்றான். அண்ணி சிரித்தா. நானும் சிரித்தேன். மறுநாள் விடியுமுன்னமே உரப்பையை எடுத்தேன்.

அந்தக் கிணறு எங்கள் வீட்டின் பழைய பகிடி. பண்டத்தரிப்பில் அப்பாவின் பங்குக்கு வந்தது ஒரு சின்னத் தோட்டத் துண்டும் ஒரு கிணற்றில் நாலில் ஒன்றும். நாலு பங்காளர், நாலு நாளுக்கு ஒருதடவை ஒருவர் இறைப்பு முறை. அப்பா கொலனிக்கு வரும்போது துண்டை விற்றார். கிணற்றுப் பங்கை விற்கவில்லை. கொலனிக்கு வந்தவர்களில் பாதிப்பேர் இந்தப் பிழையைச் செய்தார்கள். காணியை விற்றவன் வேலியோரத்து ஒற்றைத் தென்னையை விற்கமாட்டான். வீட்டை விற்றவன் கோயில் திருவிழாவில் தன் நாளை விடமாட்டான். இரண்டு மூன்று போகம் எடுத்துக்கொண்டு ஊருக்குத் திரும்பலாம் என்பது எல்லோருடைய கணக்கும். குளம் நிறையத் தண்ணீர் நிற்கிற இடத்துக்குப் போகிற மனிசன், நிலமில்லாத கிணற்றுப் பங்கு ஒன்றை வைத்துக்கொண்டு போனார். "எங்களுக்கு ஊரிலை கிணறு இருக்கு" என்று சாகும்வரைக்கும் சொன்னார்.

முறை என்னுடையதாக இருந்தால், பக்கத்தில் ஒரு துண்டைக் குத்தகைக்கு எடுத்து வெங்காயம் வைக்கலாம். நடக்க நடக்க அந்தப் பகிடி எனக்குப் பகிடியாகத் தெரியவில்லை.

பளைக்கு இந்தப் பக்கம் நெல் ஏற்றிய லொறி ஒன்று நின்றது. மானிப்பாய் மில்லுக்குப் போகிறதாம். ஏறச் சொன்னான் சாரதி, இளம் ஆள்.

"எந்த ஊர் அண்ணை?"

"பண்டத்தரிப்பு." கேட்டவுடன் வாயில் வந்துவிட்டது. கொலனியில் பிறந்த எங்கள் எல்லோருக்கும் அது பழக்கம். எந்த ஊர் என்று கேட்டால் தாய் தகப்பன் விட்டுவந்த ஊரைத்தான் சொல்வோம்.

"அட, என்ரை மனிசியும் பண்டத்தரிப்பு. பண்டத்தரிப்பிலை எங்கை?"

"சின்னனிலை வந்தது. போய்ப் பாத்தாத்தான் தெரியும்."

"சொந்த ஊருக்கு வழி கேட்டுப் போற ஆளை இண்டைக்குத்தான் காணுறன்" என்று சொல்லிவிட்டு, சிரிப்பு அடங்கும்வரை கியர் மாற்றாமல் ஓட்டினான்.

பின்னாலிருந்து புது நெல்லின் மணம் வந்துகொண்டிருந்தது. அது எங்கள் பக்கத்து நெல்லாகவும் இருக்கலாம்.

அப்பாவும் அம்மாவும் போனபோது கொலனியில் ஒரு சந்திகூட இருக்கவில்லை. குடாநாட்டின் பல ஊர்ச் சனத்தை பஸ்ஸில் கொண்டுவந்து, வாய்க்கால் வெட்டிய மண் குவிந்து கிடந்த வெளியில் இறக்கினார்களாம். ஒரே மாதிரிச் சின்ன வீடுகள். ஒரு வீட்டிலிருந்து கூப்பிட்டால் மற்ற வீட்டுக்குக் கேட்காது. பக்கத்து வீட்டுச் சண்டை கேட்காமல் முதல் வருடம் முழுக்க நித்திரை வரவில்லை என்று அம்மா சொல்வா. வந்தவர்கள் வயலில் இறங்குமுன் வேலி அடைத்தார்கள். ஊரில் அவர்களுக்கு இருந்த காணி, ஒரு வேலியில் நின்று துப்பினால் மற்ற வேலியில் விழும். இங்கே ஏக்கர் கணக்கு. அதையும் விடவில்லை. கிளுவங் கதியால் நட்டு, குடாநாட்டிலிருந்து பனையோலை இறக்கி அடைத்தார்கள். யானை வந்தது. வேலியை அது கவனிக்கவேயில்லை, நடந்து போனது. அடுத்தநாள் திரும்ப அடைத்தார்கள். யானை திரும்ப வந்தது. இப்படி ஒரு மாரி முழுக்க.

காய்ச்சலில் சில வீடுகள் பூட்டப்பட்டன. மற்றவர்கள் நின்றார்கள். வாய்க்காலும் வீதியும் சந்திக்கிற இடத்தில் முதலில் ஒரு சங்கக்கடை, பிறகு நெல் குத்துகிற மில், தேத்தண்ணிக் கடை, சைக்கிள் திருத்துகிற கொட்டில். பள்ளிக்கூடம் வந்தது, தபால் கந்தோர் வந்தது. அது சந்தியாகி, சந்தி பட்டினமாகியது. ஆனாலும் கலியாணத்துக்கு ஊர், செத்தவீட்டுக்கு ஊர் என்று குடாநாட்டுக்குத்தான் பஸ் ஏறினார்கள். பிள்ளைகள் நாங்கள் மட்டும் பஸ் யன்னலால் திரும்பிக் கொலனியைப் பார்த்தோம்.

பிறகு யுத்தத்தில் எல்லோரும் எழும்பி ஓடினோம். அதைப்பற்றி நிறையப்பேர் எழுதிவிட்டார்கள். அப்பா இடம்பெயர்ந்த இடத்தில் போய்விட்டார். அம்மா ஒரு வருடம் கழித்து. காணி உறுதிகள் வைத்திருந்த பெட்டியும் எங்கோ போய்விட்டது. திரும்பி வந்தபோது வீட்டுக்குக் கூரை இல்லை. அப்பா எல்லையில் நட்ட பனைகள் பங்கர் கட்டப் போயிருந்தன. குளத்திலிருந்து வாய்க்காலுக்குத் தண்ணீர் விடுகிற துருசு மட்டும் அப்படியே இருந்தது. இப்போது சந்தியில் வங்கிகள் இருக்கின்றன, கண்ணாடி போட்ட உடுப்புக் கடைகள் இருக்கின்றன.

எனக்கு ஞாபகம் வருவது அந்தத் துருசுதான். அதைத் திறக்கிற நாளில், காய்ந்த வாய்க்காலில் தண்ணீர் வருமுன் சத்தம் வரும். சருகையும் நுரையையும் தவளையையும் தள்ளிக்கொண்டு, ஓர் அழுக்கு மடிப்பாகத் தண்ணீர் வரும். எங்கள் வயல் வாய்க்காலின் கடைசி. வெயிலில் பிளந்த மண்ணில் முதல் தண்ணீர் இறங்கும்போது ஒரு மணம் எழும்பும். எத்தனையோ இடங்களில் வேலை செய்திருக்கிறேன். எங்கே படுத்தாலும் அந்தச் சத்தத்துக்குக் காது கொடுத்துத்தான் நித்திரையாகிறேன்.

மானிப்பாயில் இறங்கி, வழி கேட்டுக் கேட்டு நடந்தேன். பண்டத்தரிப்பில் அப்பா சொன்ன ஒழுங்கையைக் கண்டுபிடித்தபோது மத்தியானம் கழிந்துவிட்டது. தொண்டை வரண்டு, முதல் படலையில் நின்று தண்ணீர் கேட்டேன். ஒரு பெண் செம்பில் கொண்டுவந்து தந்தா. ஒரு வாய் குடித்ததும் முகம் சுளித்துவிட்டேன்.

"சொல்லுறதுக்கிடையிலை குடிச்சிட்டீர்" என்றா. "உது உவர். முகம் கழுவத்தான் சரி. குடிக்கிறதெண்டால் அந்த வெங்காயத் தோட்டத்துக் கிணத்துக்குப் போம். இந்த ஒழுங்கையிலை இனி அது ஒண்டுதான் நல்ல தண்ணி."

வெங்காயத் தோட்டத்தில் வயதான ஒருவர் இறைப்புக் குழாயின் ஓட்டைக்குத் துணி சுற்றிக்கொண்டிருந்தார். பின்னால் பெரிய கிணறு. துலா நின்ற கல்தூண்கள் இன்னும் நின்றன.

"ஆர் தம்பி? ஆரைத் தேடுறீர்?"

"கொலனியிலையிருந்து வாறன் ஐயா."

குழாயைக் கீழே வைத்தார். "ஆற்றை மகன் நீர்?"

அப்பாவின் பெயரைச் சொன்னேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, வீட்டுப் பக்கம் திரும்பிச் சத்தம் வைத்தார். "இஞ்சை வாருமப்பா! கொலனிக்காரன் வந்திட்டான்!"

"எந்தக் கொலனிக்காரன்? எங்கடை முறைக்காரனோ?" என்று கேட்டுக்கொண்டே அவருடைய மனைவி வந்தா.

வாளியில் தண்ணீர் அள்ளித் தந்தார்கள். நல்ல தண்ணீர். குடித்துவிட்டுச் சொன்னேன், "உறுதி ஒண்டும் என்னட்டை இல்லை. அப்பா சொன்னதுதான்."

"உறுதி என்னத்துக்கு? கொலனி முறையெண்டு கேட்டால் இந்த ஒழுங்கையிலை சின்னப் பிள்ளையும் சொல்லும்" என்றார் அவர். கிணற்றுக்கட்டில் இருந்துகொண்டு கதையைச் சொன்னார். அப்பா காணியை விற்றது அவருடைய தகப்பனுக்குத்தான். அப்பா போன பிறகு அந்த நாலாம் நாளை என்ன செய்வது என்று பங்காளருக்குள் வந்தது பிரச்சினை. "உம்மடை அப்பா வித்திருந்தால் ஒருத்தன் வாங்கியிருப்பான், அலுவல் முடிஞ்சுது. மனிசன் விக்கவுமில்லை, இறைக்க வரவுமில்லை. ஒருத்தன் எடுத்தால் மற்றவன் விடான். என்ரை அப்பாவும் சித்தப்பாவும் இதுக்காகக் கோவிச்சு, ஒரே கிணத்துக்கட்டிலை நிண்டு ஆளுக்காள் முதுகைக் காட்டிக் குளிச்சவை. கடைசியிலை ஒருத்தருக்கும் வேண்டாம் எண்டு விட்டாச்சு. நாலாம் நாள் கிணறு சும்மா கிடக்கும்."

பிறகு தண்ணீர் இறைக்கிற மெசின்கள் வந்தன. ஒழுங்கையெல்லாம் நாள் தவறாமல் இறைத்தார்கள். ஒவ்வொரு கிணறாக உவர் ஏறியது. இது மட்டும் தப்பியது. நாலு நாளில் ஒருநாள் ஓய்ந்து ஊறியதுதான் காரணம் என்பது அவருடைய முடிவு. "இப்ப இதிலை மிச்சம் நானும் என்ரை மச்சானும்தான். இடம்பெயர்ந்து போய் வந்த பிறகும் அந்த நாளிலை கை வைக்கேல்லை."

வாளியில் மிச்சமிருந்த தண்ணீரையும் குடித்தேன்.

"முறையைக் கேக்கத்தான் வந்தனீரோ?" என்று கேட்டார்.

"ஓம் ஐயா. ஒரு பயிர் வைச்சுப் பாக்கலாம் எண்டு."

"உம்மடை முறை. இல்லையெண்டு சொல்லேலாது. மேற்காலை மச்சான்ரை துண்டு சும்மா கிடக்கு, கேட்டால் குத்தகைக்குத் தருவான்." நிறுத்திவிட்டுக் குழாயைத் திரும்ப எடுத்தார்.

"மிச்சத்தையும் சொல்லுங்கோவன், பேந்தென்ன வெக்கம்?" என்றா மனைவி. என் பக்கம் திரும்பினா. "நாலு நாளும் இறைச்சால் உந்த முன்வீட்டுக் கிணறு மாதிரித்தான் இதுவும் வரும், தம்பி. எங்களுக்குமில்லை, உமக்குமில்லை."

மேற்குப் பக்கத் துண்டைப் போய்ப் பார்த்தேன். செம்மண். கையில் எடுத்தால் மாவைப்போல உதிர்ந்தது. ஒரு காலத்தில் அப்பா கொத்திய மண்ணுக்குப் பக்கத்து மண். எங்கே பாத்தி கட்டுவேன், வாய்க்காலை எந்தப் பக்கத்தால் கொண்டுவருவேன் என்று மனதுக்குள் வெட்டிப் பார்த்தேன். நல்லாகத்தான் வந்தது.

ஆனால் நான் வாய்க்காலின் கடைசியில் வளர்ந்தவன். மேல்மடைக்காரன் தன்னுடைய உரிமைதான் என்று மடைப் பலகையைக் கொஞ்சம் கூடுதலாகத் தூக்கினால், எங்கள் வயலில் கதிர் வருமுன் மண் வெடிக்கும். அப்பா அந்த நாட்களில் வரம்பில் குந்தி, வராத தண்ணீரின் பக்கம் பார்த்துக்கொண்டிருப்பார். அந்த இருப்பு எனக்கு நல்லாகத் தெரியும். இந்தக் கிணற்றில் உவர் ஏறினால், முதல் கருகுவதும் என் வெங்காயமாகத்தான் இருக்கும்.

திரும்பி வந்தபோது இருவரும் அதே இடத்தில் இருந்தார்கள்.

"அப்பா எடுக்காமல் விட்டது அப்படியே கிடக்கட்டும்" என்றேன்.

"அப்ப விக்கப் போறீரோ?" என்றா மனைவி சட்டென்று.

"வித்தால் நீங்களும் மச்சானும் முதுகு காட்டிக் குளிப்பியள்."

அவர் வாய்விட்டுச் சிரித்தார். மனைவி சிரிக்கவில்லை. உள்ளே போய்க் கோப்பையில் சோறு போட்டுக்கொண்டு வந்து தந்தா. வெங்காயக் கொட்டிலில் படுக்கலாம் என்றார்கள். சாப்பிட்டேன். ஒரு பயிர் என்ற கதை அவ்வளவில் முடிந்தது. அண்ணையின் வயலில் அறுவடையில் மிஞ்சிய அடிக்கட்டைகளுக்குள் இப்போது கொக்குகள் நிற்கும் என்று நினைத்தேன்.

"நாளைக்கு உம்மடை முறைதான்" என்றார் அவர், நான் கை கழுவும்போது. "வருசத்திலை ஒருக்கால், மாரிக்கு முதல், சேறெடுக்கிறது கொலனி முறை நாளிலைதான். தன்ரை முறையை அதுக்கு ஆர் குடுப்பான்? உள்ளை இறங்க ஓராள் குறையுது. இறங்குவீரோ?"

"இறங்குவன்."

காலையில் மச்சான்காரரும் வந்தார், இரண்டு மெசின்களை வைத்துத் தண்ணீரை அடிவரை இறைத்தார்கள். சேறெடுக்கிற நாளின் தண்ணீரை யாருடைய பாத்திக்கும் விடுவதில்லையாம். அது வீதியோரக் கானுக்குப் போனது. அடி தெரிந்ததும் கயிற்றைப் பிடித்து இறங்கினேன். கீழே குளிர். சேறு முழங்காலுக்கு. உடைந்த வாளி ஒன்று, ஒரு பக்கத்துச் செருப்பு, துலாவின் பழைய இரும்பு வளையம் எல்லாம் காலில் தட்டுப்பட்டன. மெசினைக் கொஞ்சம் நிறுத்தினார்கள். அப்போது கேட்டது. சுண்ணக்கல் வெடிப்புகளிலிருந்து தண்ணீர் ஊறி வழிகிற சத்தம், மெல்லியதாக, நாலு பக்கத்தாலும். வாய்க்கால் சத்தம் அல்ல. ஆனாலும் நின்று கேட்டேன்.

"என்ன தம்பி, உள்ளை நித்திரையோ?" என்று மேலேயிருந்து மச்சான்காரர் சத்தம் வைத்தார்.

கடகத்தை நிரப்பிக் கயிற்றில் கொழுவினேன். "இழுங்கோ" என்றேன்.