பத்து நிமிஷம் முன்னால் ஓடிய கடிகாரம்

எங்கள் வீட்டுச் சுவர்க்கடிகாரம் எப்போதும் பத்து நிமிஷம் முன்னால் ஓடும். அது பழுது இல்லை. அப்பா வைத்த வைப்பு. விடிந்ததும் எல்லோரும் எழுந்து தறி வேலையைத் தொடங்க வேண்டும், அதற்காக. ஆனால் வீட்டில் எல்லோருக்கும் அது தெரியும். மணி பார்த்தால் பத்து நிமிஷம் கழித்துக்கொள்வோம். கழித்துக்கொண்டால் முன்னால் ஓடி என்ன பயன் என்று யாரும் கேட்டதில்லை.

சித்தப்பாவுக்கு மட்டும் அது பிடிக்காது. காஞ்சிபுரத்தில் ஒரு ரேடியோ ரிப்பேர் கடையில் வேலை பார்த்தார். கையில் எப்போதும் ஒரு கம்பித்துண்டு இருக்கும். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபது, எழுபத்தொன்று இருக்கும் அப்போது. எனக்குப் பத்து வயது.

அக்காவுக்கு மெட்ராஸில் நர்ஸ் படிப்புக்கு நேர்முகம் வந்தது. காலை ஆறு மணி பஸ்ஸைப் பிடித்தால்தான் போய்ச் சேர முடியும். அடுத்த பஸ்ஸில் போனால் பெயர் கூப்பிட்டு முடிந்துவிடும். இன்னொரு தடவை கூப்பிடமாட்டார்கள்.

முதல் நாள் சாயங்காலம் சித்தப்பா ஒரு ரேடியோவைத் தூக்கிக்கொண்டு வந்தார். கடைக்கு ரிப்பேருக்கு வந்தது. யாருடையதோ.

"புள்ள நாளைக்கு மெட்ராஸ் போவுது. வூட்டு மணி பொய்யா இருக்கலாமா அண்ணா?" என்றார்.

"உன் இஷ்டம்," என்றார் அப்பா.

சித்தப்பா பெண்டுலத்தைப் பிடித்துப் பத்து நிமிஷம் நிறுத்தி வைத்தார். பெரிய முள்ளின் முதுகில் ஓர் இரும்புத் துண்டை ஒட்டினார். பன்னிரண்டுக்குப் பின்னால் கம்பி சுற்றிய ஆணி. அதிலிருந்து ஒயர், டார்ச் செல், ஒரு ஸ்விட்ச். ரேடியோவில் செய்திக்கு முன்னால் சரியான மணியைக் காட்ட விட்டு விட்டு ஊதும். கடைசி ஊதலுக்கு ஸ்விட்சை அமுக்கினார். காந்தம் இழுத்து முள் டக்கென்று நகர்ந்து பன்னிரண்டில் நின்றது.

அம்மா கையைத் தட்டினாள். நாங்கள் எல்லோரும் பார்த்தோம். அப்பாவும் பார்த்தார். "இனிமே டில்லியில என்னா மணியோ, அதான் நம்ம வூட்லயும்," என்றார் சித்தப்பா.

காலையில் அம்மா அடுப்படியிலிருந்து கேட்டாள். "பாப்பா, மணி என்னா?"

"அஞ்சரை," என்றேன்.

"அப்ப இன்னும் இருக்குது. பத்து நிமிசம் கழிச்சுக்கோ. வா கண்ணு, உனக்கு இன்னொரு தடவை தலைய வாரிவுடறேன்."

அக்கா உட்கார்ந்தாள். சித்தப்பா காப்பியை ஆற்றிக்கொண்டே கடிகாரத்தைப் பார்த்தார். "அவசரம் இல்ல அண்ணி. நிதானமா வாருங்க. பத்து நிமிசம் கீது," என்றார்.

அவரேதான் சொன்னார்.

சைக்கிளில் பையை மாட்டித் தள்ளிக்கொண்டு சித்தப்பா, அக்கா, நான் மூவரும் நடந்தோம். பஸ் ஸ்டாண்டில் மெட்ராஸ் வண்டி நிற்கும் இடம் காலி.

"இப்பதாம்பா போச்சு," என்றார் டீக்கடைக்காரர்.

"எப்படிப் போவும்? இன்னும் பத்து நிமிசம்..." சித்தப்பா பாதியில் நிறுத்தினார். தலையில் ஓங்கி அடித்துக்கொண்டார். "நான்தானே சரி பண்ணேன்! நான்தானே பண்ணேன்!"

அக்கா தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஏந்திரு. ஏறு பின்னால," என்றார். என்னைத் தூக்கி முன் பாரில் வைத்தார். பையை என் மடியில் போட்டார். பிறகு மிதித்தாரே, அப்படி ஒரு மிதி. அவர் வேர்வை என் தலையில் சொட்டியது. வழியெல்லாம் தன்னைத்தானே திட்டிக்கொண்டு வந்தார்.

ரயில்வே கேட் மூடியிருந்தது. அதன் முன்னால் மெட்ராஸ் பஸ் நின்றது.

கண்டக்டர் படியில் நின்று எங்களைப் பார்த்தார். "என்னாபா, ஒரு சைக்கிள்ல குடும்பமே வருது? பொண்ணழைப்பா?"

"ரயில்... எப்ப வரணும்?" சித்தப்பாவுக்கு மூச்சு வாங்கியது.

"ரயிலு லேட்டு. நேரத்துக்கு வந்திருந்தா நீ என் புகையைத்தான் பாத்திருப்ப."

அந்த ரயிலை ஓட்டியவர் யாரோ. எதனால் தாமதமோ. அவருக்கு இன்றைக்கும் மனசுக்குள் ஒரு கும்பிடு போடுகிறேன்.

அக்காவுக்கு இடம் கிடைத்தது. படித்தாள். சம்பாதித்தாள். அப்பாவைக் கடைசிவரை அவள்தான் பார்த்துக்கொண்டாள். என் இரண்டு பெண்களையும் அவள்தான் படிக்கவைத்தாள். எங்கள் வீட்டுச் சோற்றில் அவள் கை இல்லாத நாள் இல்லை.

சித்தப்பா அன்று வீடு திரும்பியதும் கடிகாரத்தைப் பத்து நிமிஷம் முன்னால் தள்ளி வைத்தார். அப்பா சிரித்தார். "டில்லி மணி டில்லியிலயே இருக்கட்டும்," என்றார்.

ஒன்று சொல்லாமல் விட்டேன். கேட்டில் பஸ் ஏறும்போது அக்கா என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதாள். விடவில்லை. கண்டக்டர் விசில் ஊதினார். மெட்ராஸுக்குப் பயப்படுகிறாள் என்று நினைத்தேன். "அழாதக்கா, அங்கல்லாம் நல்லாத்தான் இருக்கும்," என்றேன். அவள் இன்னும் அழுதாள்.

எங்கள் வீட்டில் நெய்தது கரையைத் தனி நூலில் கோத்து நெய்யும் கோர்வைப் புடவை. அதற்கு இரண்டு பேர் வேண்டும். அப்பா நடுவில் குறுக்கு நூல் ஓட்டும் நாடாவைப் போட, ஓரக் கரைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து இன்னொருவர் போட வேண்டும். அதுவரை அது அக்கா. அவள் படிப்பில் சேர்ந்த வாரம் அவள் இடத்தில் உட்கார அப்பா என்னைக் கூப்பிட்டார். ஐந்தாம் வகுப்போடு நின்றேன். இனிமேல் பள்ளிக்கூடம் இல்லை என்று தெருவெல்லாம் குதித்துச் சொல்லிக்கொண்டு ஓடினேன்.