கரைவலையில் என் பங்கு

தரங்கம்பாடியில் விடுமுறையின் கடைசிக் காலை. மாலையில் திருச்சியிலிருந்து மலேசியாவுக்கு விமானம். கரையில் வலை இழுக்கிறார்கள். நானும் கயிற்றைப் பிடிக்கிறேன்.

"ஐயா, கை பொத்துப்போயிடும். நிழல்ல உக்காருங்க," என்கிறார் வலைக்காரர்.

"நீடாமங்கலத்துல நெல்லு மூட்டை தூக்கி, மலேசியாவுல நாலு ஹோட்டல் வச்ச கை தம்பி இது. இழுங்க!"

"ஏங்க, ஏர்போர்ட்டுக்கு நேரமாச்சு!" என்று கார் பக்கமிருந்து என் மனைவி கத்துகிறாள். பாதியில் விட்டால் பங்கு கிடையாது என்பது இவர்கள் வழக்கம். உள்ளங்கை எரிகிறது. நான் விடவில்லை.

வலை கரையேறுகிறது. வலைக்காரர் மணலில் மீனைக் கூறு போட்டு, ஒரு கூற்றை என் முன்னால் தள்ளுகிறார். மனைவி பர்ஸைத் திறக்கிறாள்.

"காசு எதுக்கும்மா? ஐயா இழுத்த பங்கு."

பக்கத்துக் கடையில் பொரிக்கக் கொடுத்துவிட்டேன். தின்றுவிட்டுத்தான் காரில் ஏறுவேன்.